ரியூனியனில் காரோடு ஐந்து நாள்: மட்டக்களப்பு, அம்பாறைக் கேள்விகளும் பதில்களும்

மடகாஸ்கருக்குக் கிழக்கே கிடக்கும் பிரெஞ்சு எரிமலைத் தீவு ரியூனியன். பிரான்ஸில் உள்ள சகோதரங்களோடு அங்கே விடுமுறைக்குச் சேர யோசிக்கிற குடும்பங்கள் கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: கரையோர வீதி முழுக்கச் சுத்தினாலும் 200 கிலோமீற்றர் சொச்சம்தான் எண்டு கிடக்கு. ஒரு நாளில முடிக்கலாம்தானே அண்ணன்? ஏன் அஞ்சு நாள்?

சுற்றி முடிக்கலாம் தம்பி, ஆனால் தீவைப் பார்த்ததாக இராது. ரியூனியனின் பரப்பு 2,512 சதுர கிலோமீற்றர், நம்முடைய மட்டக்களப்பு மாவட்டத்தை விடக் கொஞ்சம் சிறிது. அதற்குள் 3,070 மீற்றர் உயர மலை நிற்கிறது. பீதுருதாலகாலையே 2,524 மீற்றர்தான். பார்க்க வேண்டியதெல்லாம் அந்த உயரத்தில் இருக்கிறது, அதற்கு வீதி வளைந்து வளைந்துதான் ஏறும். 35 கிலோமீற்றருக்கு ஒன்றேகால் மணித்தியாலம் போகும்.

அதைவிட முக்கியம் முகில். காலை ஒன்பது, பத்து மணிக்குக் கடற்காற்று ஈரத்தை மலைக்கு ஏற்றிவிடும், மறுகா மேலே வெள்ளைத் திரைதான். மைடோ என்ற 2,200 மீற்றர் விளிம்பிலிருந்து மாஃபாத் பள்ளத்தாக்கைப் பார்க்க ஆறரை மணிக்கு நிற்கிறவருக்கு முழுப் பள்ளத்தாக்கும் தெரியும். பத்தரைக்குப் போகிறவர் கைபிடிக் கம்பியை மட்டும் பார்த்துவிட்டு இறங்குவார். ஆகவே ஒவ்வொரு நாளும் விடிய முதல் மலை, மத்தியானத்துக்குப் பிறகு கடற்கரை. தங்குமிடத்தையும் இரண்டாகப் பிரியுங்கள்: தெற்கே சென்-பியேர் பக்கம் மூன்று இரவு, மேற்கே சென்-ஜில் பக்கம் இரண்டு இரவு. வடக்கே தலைநகர் சென்-தெனியில் தங்கிக்கொண்டு ஒவ்வொரு நாளும் எரிமலைக்கு ஓடினால் நாளில் பாதி வீதியிலேயே போய்விடும்.

கல்முனையிலிருந்து: நம்மட லைசன்ஸ் செல்லுமா? வலப்பக்க ஓட்டம் கஷ்டமா?

கொழும்பில் ஒட்டோமொபைல் அசோசியேஷன் ஒஃப் சிலோன் கொடுக்கிற சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு இலங்கை அட்டையும் கையில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் காட்டினால் போதாது. வாடகைக் கார் நிறுவனத்தில் வைப்புப் பணத்துக்கு ஓட்டுகிறவரின் பெயரிலேயே கிரெடிட் கார்ட் கேட்பார்கள். தம்பியின் கார்டைக் கொடுத்து அண்ணன் ஓட்டுகிற கதை கவுண்டரிலேயே நின்றுவிடும்.

வலப்பக்கம் ஓடுவது நேர் வீதியில் ஒரு மணித்தியாலத்தில் பழகிவிடும். பிழை விடுகிற இடங்கள் மூன்று. முதலாவது சிக்னல் தண்டு. நம் ஊர் ஜப்பான் கார்களில் அது வலக்கையில், அங்கே இடக்கையில். சந்தியில் கிறுகும்போது சிக்னலுக்குப் பதில் வைப்பர் ஓடும், அதைப் பார்த்துப் பதறுகிற நொடியில்தான் முன்னால் போகிறவரில் முட்டுவது. வாகனம் எடுத்த இடத்திலேயே பத்துத் தரம் போட்டுப் பழகுங்கள். இரண்டாவது சுற்றுவட்டம்: வலப்பக்கம் திரும்பி நுழைந்து, மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும், ஏற்கெனவே வட்டத்துக்குள் இருப்பவருக்கு வழி விட வேண்டும்; அவர் உங்கள் இடப்பக்கத்தில் இருந்து வருவார். கண் தானாக வலப்பக்கம் பார்க்கும், அதை மறித்து இடப்பக்கம் பாருங்கள். மூன்றாவது, எந்தப் போர்ட்டும் இல்லாத சின்னச் சந்தி. அங்கே வலப்பக்கத்தில் இருந்து வருபவருக்கே முதல் உரிமை, அவர் சின்ன ஒழுங்கையில் இருந்து வந்தாலும்.

வாகனங்கள் பெரும்பாலும் கை கியர். ஓட்டோ கியர் வேண்டுமென்றால் முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். ஐந்து பேரும் பெட்டிகளும் என்றால் ஆகச் சின்ன காரை எடுக்காதீர்கள், மலையில் இரண்டாம் கியரிலேயே மூச்சு வாங்கும். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பின் ஆசனத்தில், அவரவர் அளவுக்கு ஏற்ற இருக்கையில்தான் இருக்க வேண்டும், அது சட்டம்.

அக்கரைப்பற்றிலிருந்து: எரிமலையை உம்மாவும் பாக்க ஏலுமா? எழுபது வயசு, நடக்கிறது கஷ்டம்.

தாராளமாகப் பார்க்கலாம். பித்தோன் த லா ஃபுர்னேஸ் 2,632 மீற்றர். சராசரியாக வருடத்துக்கு ஒரு தடவையாவது வெடிக்கிற அளவுக்கு உயிரோடு இருக்கிற மலை. அதன் விளிம்பான பா த பெல்கோம்புக்கு, 2,311 மீற்றர் உயரத்துக்கு, சாதாரண காரிலேயே போகலாம். நிறுத்துமிடத்தில் இருந்து காட்சிமுனைக்குச் சில நிமிட நடைதான்.

போகிற வழி இது. சென்-பியேரில் இருந்து பூர்-முரா என்ற மேட்டு ஊர் வரை பெரிய வீதி. அங்கே எரிமலை அருங்காட்சியகம் இருக்கிறது, 1979 தொடக்கம் இயங்குகிற எரிமலைக் கண்காணிப்பு நிலையமும் அங்கேதான். பெற்றோலை இங்கேயே நிரப்புங்கள். மேலே செட் கிடையாது. மறுகா காட்டு வீதி. புல்வெளியும் மாடுகளும் மெல்ல மறைந்து, ஒரு வளைவில் திடீரென்று கீழே செம்பழுப்புச் சமவெளி விரியும். அதுதான் பிளேன் தே சாப்ள், எரிமலைச் சாம்பலும் சல்லியும் மட்டும். அதைக் கடக்கிற பாதை குண்டும் குழியுமான மண் பாதை. 20 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் போகாதீர்கள். அங்கே கூர்க்கல் ரயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும், பக்கச் சுவரில் ஒட்டுப் போட முடியாது. பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில் ரயரும் கண்ணாடியும் வண்டியின் அடிப்பாகமும் காப்புறுதிக்கு வெளியே. ஸ்பெயார் ரயர் இருக்கிறதா, வெறும் ஸ்பிரே டப்பாதானா என்று எடுக்கும்போதே டிக்கியைத் திறந்து பாருங்கள்.

உம்மாவுக்குத் தடித்த ஜக்கெற்றும் காலுறையும் கட்டாயம். ஆடி மாத விடியலில் அங்கே உறைபனி விழுவதுண்டு. நடக்கக்கூடியவர்கள் படி இறங்கி, எரிமலையைச் சூழ்ந்த பெரும்பள்ளத்துக்குள் ஃபோர்மிகா லேயோ வரை போய் வரலாம். 1753இல் உண்டான செந்நிறச் சின்னக் கூம்பு அது, போய்வர ஒரு மணித்தியாலம் சொச்சம். உச்சிப் பள்ளத்தின் விளிம்புக்குப் போவதென்றால் ஐந்தாறு மணித்தியாலம், ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர். கறுத்த பாறையில் அடித்திருக்கும் வெள்ளைப் புள்ளிகளை விட்டு விலகவே கூடாது. முகில் மூடினால் அடுத்த புள்ளி தெரியும் வரைக்கும் நின்ற இடத்தில் நில்லுங்கள். மலை வெடிக்கிற அறிகுறி வந்தால் இந்தப் பள்ளத்தின் கதவைப் பூட்டிவிடுவார்கள், ஏறிக் குதிக்க நினைக்க வேண்டாம்.

மண்டூரிலிருந்து: லாவா கடல் வரைக்கும் வந்த இடம் இருக்காமே? காரில போகலாமா?

தீவில் ஒரே ஒரு ஓட்டத்துக்குத்தான் நேரம் என்றால் நான் சொல்வது இதைத்தான். கிழக்கே சேன்த்-ரோஸில் இருந்து தெற்கே சென்-ஃபிலிப் வரையான இரண்டாம் இலக்க வீதி. எரிமலை வழிகிற கிராண் ப்ரூலே என்ற சரிவைக் குறுக்கே வெட்டிப் போகிறது. எந்த வருடத்து லாவா என்று வீதி ஓரத்தில் போர்ட் இருக்கும்.

வடக்கே இருந்து வந்தால் முதலில் பித்தோன் சேன்த்-ரோஸ். 1977 ஏப்ரலில் லாவா வழக்கமான பள்ளத்தை விட்டு வெளியேறி ஊருக்குள் வந்தது. வீடுகளை எரித்தது, தேவாலயத்தைச் சுற்றி வளைத்து வாசலோடு நின்றது. இன்றும் சுவரோடு ஒட்டினபடி அந்தக் கறுத்த பாறை கிடக்கிறது, கையால் தொட்டுப் பார்க்கலாம்.

தெற்கே போகப் போக, 2004 போர்ட்டிலும் 2007 போர்ட்டிலும் இறங்கி இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய லாவாவில் சாம்பல்நிறப் பாசி போல ஒன்று படர்ந்திருக்கும். அது லைக்கன், வெறும் பாறையில் முதலில் குடியேறுகிற உயிர். அதன் வெடிப்புகளில் பன்னம் முளைக்கும், மறுகாதான் மரம். ஒரு பக்கத்தில் பாறை முறுக்கின கயிறு போல வழவழப்பாக இருக்கும். இன்னொரு பக்கத்தில் உடைத்த கிளிங்கர் போல முள்ளு முள்ளாக. முள்ளுப் பக்கத்தில் செருப்போடு ஏறினால் அடி கிழியும், விழுந்தால் உள்ளங்கை கிழியும். 2007 ஏப்ரலில் வந்த லாவா வீதியை மூடிக் கடலுக்குள் புதுத்தரை போட்டது. அதே நாட்களில் மேலே உச்சிப் பள்ளத்தின் அடி முன்னூறு மீற்றருக்கு மேல் தாழ்ந்து போனது. உள்ளே இருந்த குழம்பு வெளியேறியதால் தாங்கல் இல்லாமல் இடிந்தது.

சென்-ஃபிலிப்பில் கப் மெஷானில் நிறுத்துங்கள். கறுத்த பாறைச் சுவரில் அலை அடித்து மேலே தெறிக்கும். ஈரமாக இருக்கிற பாறைக்கு அப்பால் கால் வைக்காதீர்கள். அங்கே நிற்கிற மரம் நம் தாழையின் இனம். நம் ஆட்கள் பன்னில் பாய் இழைப்பது போல அவர்கள் அந்த ஓலையில் பை இழைக்கிறார்கள்.

சம்மாந்துறையிலிருந்து: சிலாவோஸ் பாதையில 400 வளைவு எண்டு சொல்றாங்க. உண்மையா? பயமா?

'400 வளைவு வீதி' என்ற பெயர் பழக்கத்தில் வந்தது, எண்ணிச் சரிபார்க்கத் தேவையில்லை. சென்-லூயியில் இருந்து மேலே சிலாவோஸ் என்ற மலை ஊருக்கு ஏறத்தாழ 37 கிலோமீற்றர். மகியங்கனைப் பதினெட்டு வளைவில் ஓட்டினவருக்கு வளைவு புதிது அல்ல, புதிது அகலம்தான். ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய சுரங்கங்கள் வரும். நுழையமுதல் லைட் போட்டு, ஹோர்ன் அடித்து, எதிரில் வெளிச்சம் தெரிந்தால் வெளியே நில்லுங்கள். பஸ் வளைவில் முழு வீதியையும் எடுக்கும். அதன் ஹோர்ன் கேட்டவுடன் வளைவுக்கு முந்தின அகலமான இடத்தில் ஒதுங்குங்கள், வளைவுக்குள் போய் ஒதுங்க இடமில்லை. இறங்கும்போது இரண்டாம் கியர். பிரேக்கில் காலை வைத்தபடியே வந்தால் சூடேறிப் பிடிக்காது. எரிந்த ரப்பர் மணம் வந்தால் நிறுத்தி இருபது நிமிடம் ஆற விடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். பெருமழைக்கு அடுத்த நாள் கல் விழும், அன்றைக்குப் போக வேண்டாம். மேலே பருப்பு விளையும். சிலாவோஸ் பருப்பு தீவெங்கும் பெயர் பெற்றது.

பயமென்றால் சலாஸிப் பள்ளத்தாக்குக்குப் போங்கள். வீதி இலகு, அருவிகள் வீதியோரத்திலேயே, சௌ சௌ கொடி மலைச்சரிவு முழுக்க.

வாழைச்சேனையிலிருந்து: மாஃபாத்துக்குள்ள காரில போக ஏலுமா?

ஏலாது. வீதியே இல்லை, நடை அல்லது ஹெலிகொப்டர். சலாஸிப் பக்கம் கொல் தே பஃப்பில் காசு கட்டி நிறுத்திவிட்டு, லா நூவெல் கிராமத்துக்கு இரண்டு மணித்தியாலம் சொச்சம் நடக்கலாம். வண்டிக்குள் ஒரு பையும் கண்ணுக்குத் தெரிய விடாதீர்கள். மலைப்பாதைத் தொடக்கங்களில் கண்ணாடி உடைப்பு நடக்கும்.

பாண்டிருப்பிலிருந்து: அங்க தமிழ்க் கோயில்கள் இருக்காமே? நம்மட ஆக்கள் பேசுவாங்களா?

கோயில்கள் நிறைய. 1848இல் அடிமைமுறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழ்நாட்டுப் பக்கத்தில் இருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். அங்கே மல்பார் என்று சொல்வார்கள். வீட்டு மொழி பிரெஞ்சில் இருந்து கிளைத்த கிரியோல், தமிழ் பேசுவது அரிது. ஆனால் உங்கள் ஊர்க்காரருக்கு ஒன்று சொல்ல வேண்டும் தங்கச்சி: அவர்கள் பாண்டியாலே என்று கும்பிடுகிற தெய்வம் பாஞ்சாலி, அவளுக்காகத் தீ மிதிக்கிறார்கள். திரௌபதை அம்மனுக்குத் தீ மிதிக்கிற ஊரில் இருந்து போய் அதைப் பார்ப்பது சாதாரண விஷயம் இல்லை. கிழக்கே சென்-அந்த்ரேயில் உள்ள கொலோஸ் கோயிலைக் கரையோரச் சுற்றில் பார்க்கலாம். தைப்பூசத்துக்குக் காவடியும் உண்டு. தோல் செருப்பு, தோல் பெல்ட் வெளியே. அன்று மச்சம் சாப்பிட்டிருந்தால் வாசலில் நின்று கும்பிடுங்கள்.

சாப்பாட்டுக் கடையிலும் தமிழ் கேட்கும். கரி நம் கறி, ரூகாய் என்பது ஊறுகாய், ப்ரெட் மூரூம் முருங்கையிலை.

காத்தான்குடியிலிருந்து: ஹலால் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும் நானா. குஜராத்தில் இருந்து வந்த முஸ்லிம் வணிகக் குடும்பங்கள் அங்கே பல தலைமுறையாக இருக்கின்றன. சென்-தெனியின் நூர்-ஏ-இஸ்லாம் பள்ளிவாசல் 1905இல் திறந்தது. நகரங்களில் ஹலால் இறைச்சிக் கடைகள் உண்டு, மலை ஊர்களில் குறைவு. சிலாவோஸ், எரிமலை நாட்களுக்குச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள்.

ஒலுவிலிலிருந்து: கடல்ல குளிக்கலாமா? சுறா எண்டு பயமாக் கிடக்கு.

2013 தொடக்கம், பவளத் திட்டுக்குள் இருக்கிற களப்பையும் காவல் உள்ள இடங்களையும் தவிர எங்கும் குளிக்கத் தடை. மேற்கே லெர்மித்தாஜ் களப்பு பாசிக்குடா மாதிரி ஆழம் குறைவு, பிள்ளைகளுக்கு நல்லது. திட்டில் உள்ள வாய்க்கால் பக்கம் மட்டும் போகாதீர்கள், அங்கே நீர் வெளியே இழுக்கும். பவளம் காலை வெட்டும், றப்பர் சப்பாத்துப் போடுங்கள்.

பொத்துவிலிலிருந்து: எந்த மாதம் போறது?

மே முதல் ஒக்டோபர் வரை. தை முதல் பங்குனி வரை சூறாவளிக் காலம். 1966 ஜனவரியில் அங்கே ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 24 மணித்தியாலத்தில் 1,825 மில்லிமீற்றர் பெய்தது. மட்டக்களப்பு நகருக்கு ஒரு வருடம் முழுக்கக் கிடைப்பதை விட அது கூட. ஆற்றைக் கடக்கிற தாம்போதிகள் அங்கேயும் உண்டு. கிட்டங்கியில் வெள்ளம் மூடினால் என்ன செய்வீர்களோ அதையே செய்யுங்கள்: நில்லுங்கள்.

ஏறாவூரிலிருந்து: செங்கன் விசா காணுமா? கடைசி நாளுக்கு ஏதும் புத்தி சொல்லுங்க.

ரியூனியன் செங்கன் வலயத்துக்குள், அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் பொது விசா வலயத்துக்குள் இல்லை. விண்ணப்பத்திலேயே ரியூனியன் என்று எழுதி அதற்குச் செல்லுபடியாகிற விசா எடுக்க வேண்டும். கடைசி நாள் மேற்கில் இருந்து விமான நிலையம் போவதென்றால் சென்-தெனி நெரிசலுக்கு ஒரு மணித்தியாலம் கூடுதலாக வையுங்கள். பெற்றோல் விலைக்கு மேல்வரம்பை அரசாங்கமே போடுகிறது, மலிவான செட் தேடி அலைய வேண்டாம். வண்டியைக் கழுவி, நாலு பக்கமும் நாலு சில்லும் படம் எடுத்த பிறகு திறப்பைக் கொடுங்கள். பிளேன் தே சாப்ள் சேறு ஒட்டியிருந்தால் அடிப்பாகத்தைக் குனிந்து பார்ப்பார்கள்.