மகள் அமெரிக்காவுக்கு நாடகம் சொல்லித்தரப் போகிறார்: ஒரு தாயின் கடிதத்துக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

உங்கள் மகளுக்குப் பென்சில்வேனியாவில் ஒரு சின்ன ஊர்க் கல்லூரியில் ஒரு கல்வியாண்டுக்கு வருகைதரு நாடக ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மிகவும் சந்தோஷம். குளிர், சாப்பாடு, தனியாக இருக்கும் பெண் என்று உங்கள் கவலைகளை வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். குளிருக்குக் கோட்டு வாங்கிக்கொள்ளலாம். அரிசியும் பருப்பும் எங்கேயும் கிடைக்கும். நான் கவலைப்படுவது வேறு இரண்டு விஷயங்களுக்கு: கிளம்பும் முன் படிக்க வேண்டிய காகிதங்கள், போய் இறங்கியதும் வகுப்பறையில் வரும் திகைப்பு. இந்த இரண்டுக்கும் இங்கே இருக்கும்போதே தயாராகிவிட்டால் மற்றது தானாக நடக்கும்.

இது புதிய வழி இல்லை என்பதை முதலில் மனதில் வையுங்கள். கனெக்டிகட்டில் இருக்கும் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் 1960களிலேயே பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியும் அவருடைய தம்பி, மிருதங்கக் கலைஞர் ரங்கநாதனும் சொல்லிக்கொடுத்தார்கள். இன்னொரு தம்பி, புல்லாங்குழல் கலைஞர் விஸ்வநாதன் பல ஆண்டுகள் அங்கேயே பேராசிரியராக இருந்தார். ஹவாய் பல்கலைக்கழகத்தின் மனோவா வளாகத்தில் சீன, ஜப்பானிய, இந்தோனேசிய நாடகக் கலைஞர்களை வரவழைத்து, மாணவர்களுக்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்து, அதையே மேடையேற்றுவது பல பத்தாண்டுகளாக நடக்கிறது. கூத்தும் நவீன நாடகமும் தெரிந்த ஒருவரை ஒரு கல்லூரி கூப்பிடுகிறது என்றால் காரணத்தோடுதான் கூப்பிடுகிறது.

சரி, காகிதங்களுக்கு வருவோம். கல்லூரியிலிருந்து டிஎஸ்-2019 என்ற படிவம் வரும். ஜே-1 என்ற பரிமாற்ற வருகையாளர் விசாவுக்கு அதுதான் ஆதாரம். எந்தப் பிரிவில் அழைக்கிறார்கள் என்பது அதில் ஒரு வரியில் இருக்கும். பலர் அந்த வரியைப் பார்ப்பதே இல்லை. ‘குறுகிய கால அறிஞர்’ என்றிருந்தால் மொத்தமே ஆறு மாதம்தான். உங்கள் மகளின் முழுக் கல்வியாண்டுக்கு அது போதாது. ‘பேராசிரியர்’ என்றிருந்தால் ஐந்து ஆண்டு வரை நீட்டிக்க இடமுண்டு. ஆனால் இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. அந்தப் பிரிவில் காலம் முடிந்து அவருடைய ஜே-1 பதிவு மூடப்பட்டுவிட்டால், பத்தே மாதம் இருந்திருந்தாலும், அடுத்த 24 மாதத்துக்கு அதே பிரிவில் திரும்பப் போக முடியாது. எனவே இரண்டாம் ஆண்டும் இருக்கச் சொன்னால், படிவத்தில் உள்ள கடைசித் தேதிக்கு முன்பே நீட்டிப்பு வாங்கிவிட வேண்டும். ஊருக்கு வந்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாது.

சம்பளம் ஒன்பது மாதத்துக்கா பன்னிரண்டு மாதத்துக்கா என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். ஒன்பது மாதம் என்றால் மே மாதத்தோடு வரவு நின்றுவிடலாம். சமூகப் பாதுகாப்பு எண் வாங்கி, வங்கிக் கணக்கு தொடங்கி, முதல் சம்பளம் கைக்கு வர ஒரு மாதத்துக்கு மேலேயும் ஆகலாம். அதற்குள் வீட்டு முன்பணம், வாடகை, பாத்திரம், மெத்தை எல்லாம் வாங்கியாக வேண்டும். இரண்டு மாதச் செலவுக்குப் பணம் கையில் இல்லாமல் அனுப்பாதீர்கள். இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 22ஆம் பிரிவின்படி, கற்பிக்கப் போகும் இந்தியர்களுக்கு இரண்டு ஆண்டு வரை அமெரிக்க மத்திய அரசின் வருமான வரியிலிருந்து விலக்கு உண்டு. அதற்கு 8233 என்ற படிவத்தைச் சம்பளப் பிரிவில் கொடுக்க வேண்டும். அவர்களாகக் கூப்பிட்டுச் சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம். தங்குவது இரண்டு ஆண்டைத் தாண்டினால் முன்பு பெற்ற விலக்கும் சேர்ந்து போய்விடும் என்பதையும் தெரிந்துகொள்ளட்டும். மாநில வரி தனிக் கணக்கு.

மருத்துவக் காப்பீடு கட்டாயம். பல்லும் கண்ணும் பெரும்பாலும் அதற்குள் வராது. இந்த வாரமே பல் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். கண்ணாடி போடுகிறவர் என்றால் இரண்டாவது ஜோடி செய்து கொடுங்கள்.

இனி வகுப்பறை. நம்மிடம் கூத்து கற்றுக்கொள்கிற பிள்ளை வாத்தியார் முகத்தைப் பார்த்தே வளரும். அடவு, அதாவது ஆட்ட அசைவு, தப்பினால் வாத்தியார் வந்து முழங்கையைப் பிடித்துத் தூக்கி வைப்பார், இடுப்பை அமுக்கி உட்கார வைப்பார். யாரும் அதைத் தவறாக நினைப்பதில்லை. அமெரிக்க வகுப்பில் தொடுவதற்கு முன் கேட்க வேண்டும். “உன் முழங்கையைத் திருத்துகிறேன், தொடலாமா?” என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும், மாணவர் வேண்டாம் என்றால், தன் உடம்பில் செய்துகாட்டியும் வாயால் சொல்லியும் திருத்த வேண்டும். உங்கள் மகள் இதை இங்கேயே பழகட்டும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வெறும் சொல்லால் ஒரு அடவை யாருக்காவது சொல்லிக்கொடுத்துப் பார்க்கட்டும். முதலில் கஷ்டமாக இருக்கும். ஆனால் எடை எந்தக் காலில் இருக்கிறது, மூச்சு எங்கே விடுகிறோம் என்று பல வருடங்களாக உடம்பில் மட்டும் இருந்ததை வார்த்தையில் எடுக்கும் பழக்கம் அப்போதுதான் வரும். இதை நான் கட்டுப்பாடாகப் பார்க்கவில்லை. ஆசிரியராக அவருக்கு அங்கே கிடைக்கப்போகும் பெரிய லாபமே இதுதான்.

அடுத்தது பாடத்திட்டம். முதல் வகுப்பிலேயே எழுத்தில் கொடுக்க வேண்டும்: எந்த வாரம் என்ன பாடம், வருகைக்கு எவ்வளவு மதிப்பெண், தாமதமாகக் கொடுத்தால் எவ்வளவு குறையும், மாணவர்கள் ஆசிரியரை எப்போது வந்து பார்க்கலாம். அதை ஒப்பந்தம் மாதிரியே எடுத்துக்கொள்வார்கள். பாதி வழியில் மாற்றினால் நேராக வந்து காரணம் கேட்பார்கள். அதை மரியாதைக் குறைவு என்று நினைத்து மனம் நொந்துவிடக் கூடாது. அங்கே அது படிக்கிற பிள்ளையின் அக்கறை. நாடகத் துறைத் தலைவருக்கு இப்போதே ஒரு மின்னஞ்சல் அனுப்பி, போன ஆண்டின் பாடத்திட்ட மாதிரி ஒன்று கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

ஒத்திகையிலும் இப்படித்தான். நம் ஊரில் இயக்குநர் நிறுத்தும்வரை ஒத்திகை நடக்கும். அங்கே ஒத்திகைக் கடிகாரம் மேடை மேலாளர் கையில். தொழில்முறை நடிகர் சங்க விதிப்படி 55 நிமிடத்துக்கு ஐந்து நிமிட இடைவேளை, அல்லது 80 நிமிடத்துக்குப் பத்து நிமிடம். கல்லூரிகள் பலவும் இதையே பின்பற்றுகின்றன. மேடை மேலாளராக இருக்கும் இருபது வயதுப் பெண் ஒருத்தி எழுந்து நின்று “இடைவேளை” என்று சொன்னால் இயக்குநரும் நிறுத்த வேண்டும். அந்தப் பெண்ணோடு முதல் நாளே நட்பாகிவிடச் சொல்லுங்கள். யாருக்கு உடம்பு சரியில்லை, எந்த விளக்கு எரியவில்லை என்று எல்லாம் அவளுக்குத்தான் தெரியும்.

கிரீடம், புஜக்கட்டை எல்லாம் எடுத்துப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். மயிலிறகு வைத்ததையும் தோல் கட்டிய வாத்தியத்தையும் பெட்டியில் போடுவதற்கு முன் இரண்டு நாட்டுச் சுங்க விதிகளையும் பார்க்கச் சொல்லுங்கள். விமான நிலையத்தில் வைத்து வாக்குவாதம் செய்து பயனில்லை.

தனிமை பற்றிக் கேட்டிருந்தீர்கள். வகுப்பு ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும். முதல் இரண்டு மாதம் புதுமையிலேயே ஓடிவிடும். கஷ்டம் நவம்பரில் வரும். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள், ஐந்து மணிக்கே இருட்டும். அந்த மாதத்தின் நான்காம் வியாழன் நன்றி தெரிவிக்கும் நாள். மாணவர்கள் வீட்டுக்குப் போய்விட, கல்லூரியை நம்பி இருக்கும் சின்ன ஊர் காலியாகிவிடும். அந்த நாளுக்கு யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் தயங்காமல் போகச் சொல்லுங்கள். ஒத்திகை அங்கே இரவு ஏழிலிருந்து பத்து என்றால், கோடைக் கடிகாரப்படி நமக்கு விடிகாலை நாலரையிலிருந்து ஏழரை. ஆகவே காலையில் எழுந்ததும் நீங்கள் போன் செய்தால் எடுக்க மாட்டார். சாயங்காலம் ஏழு மணிக்குக் கூப்பிடுங்கள். அங்கே காலை ஒன்பதரை. நவம்பருக்குப் பிறகு எட்டு மணிக்கு.

பொங்கல் சமயத்தில் பக்கத்து நகரத் தமிழ்ச் சங்கங்கள் கூத்து ஆடக் கூப்பிடும், சன்மானமும் கொடுக்க முன்வரும். மகிழ்ச்சியாகப் போகலாம். ஆனால் வெளியே சம்பாதிக்கும் எந்தப் பணத்துக்கும் கல்லூரியின் ஜே-1 பொறுப்பு அலுவலரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி இல்லாமல் வாங்கினால் விசாவுக்கே ஆபத்து.

“அப்படியே அங்கே நிரந்தரமாகிவிடுமா?” என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். இந்த வேலை தானாக நிரந்தரமாகாது. நிரந்தரப் பணியிடத்துக்கான நியமனத்தை ஜே-1 பேராசிரியர் பிரிவில் தரவும் முடியாது. அத்தகைய இடங்களுக்கு எம்.எஃப்.ஏ. என்ற நுண்கலை முதுகலைப் பட்டம் அல்லது முனைவர் பட்டம் எதிர்பார்ப்பார்கள். அடுத்த கல்வியாண்டுக்கான விளம்பரங்கள் பலவும் செப்டம்பரிலிருந்து டிசம்பருக்குள் வந்துவிடும். அதாவது அவர் போய்ச் சேர்ந்த சூட்டோடு யோசிக்க வேண்டிய விஷயம் இது. நான் சொல்வேன்: முதல் பருவத்தில் தன் வகுப்புகளை வீடியோ எடுத்து வைக்கட்டும், மாணவர்களிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்டு. துறையில் இரண்டு பேரையாவது வகுப்புக்கு வந்து உட்காரக் கூப்பிடட்டும். பரிந்துரைக் கடிதத்தை அவர்கள்தான் எழுதப் போகிறார்கள். திரும்பி வந்தாலும், புதுச்சேரியிலோ தஞ்சாவூரிலோ நாடகம் கற்பிக்கும் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது இதே காகிதங்கள் பேசும்.

நீங்கள் ஒருமுறை போய்ப் பார்க்க நினைத்தால் வசந்தப் பருவத்தில், அவர் இயக்கும் நாடகத்துக்குப் போங்கள். அரங்கேற்றத்துக்கு முந்தைய வாரம் விளக்கும் ஒலியும் சேர்க்கும் வாரம். அப்போது போனால் மகளைக் கண்ணாலேயே பார்க்க முடியாது. நாடகம் பார்க்கக் கடைசி இரண்டு காட்சிகளுக்கு முன்பாக இறங்குங்கள், கடைசிக் காட்சி முடிந்த பிறகும் சில நாள் தங்கும்படி திரும்பும் டிக்கெட் இருந்தால் அவருக்கும் உங்களுக்கும் சேர்ந்து சுற்ற நேரம் கிடைக்கும். சுற்றுலா விசா நேர்காணலுக்குக் காத்திருப்பு நீளும், அதற்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.