வாசகர் கேள்வி - பதில்: பெயினும் ஆடம்ஸும் ஏன் மோதினார்கள்?

கேள்வி: தாமஸ் பெயின், ஜான் ஆடம்ஸ் இருவருமே 1776இல் அமெரிக்க விடுதலைக்காக எழுதியவர்கள். ஆட்சிமுறை என்று வந்ததும் எதிரெதிராக நின்றது ஏன்?

பதில்: மன்னர் வேண்டாம் என்பதோடு அவர்களின் உடன்பாடு முடிந்துவிட்டது. ஜனவரியில் வந்த ‘காமன் சென்ஸ்’ சிறுநூலில், ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் ஒற்றைச் சட்டமன்ற அவையும் சமமான பிரதிநிதித்துவமும் போதும் என்றார் பெயின். சிலர் கையில் அதிகாரம் குவிவதே அவருடைய பயம். ஆடம்ஸ் அதே ஆண்டு ‘தாட்ஸ் ஆன் கவர்ன்மென்ட்’ எழுதி மறுத்தார். தனிமனிதருக்கு வரும் ஆத்திரமும் பேராசையும் ஒற்றை அவைக்கும் வரும், ஒருநாள் தன் பதவிக்காலத்தைத் தானே நீட்டிக்கொள்ளும் என்பது அவர் வாதம். அதனால் இரண்டு அவைகள், வீட்டோ (சட்டத்தைத் தடுக்கும் அதிகாரம்) உள்ள ஆளுநர், தனித்து நிற்கும் நீதித்துறை.

இரண்டும் நடைமுறைக்கு வந்தன. பென்சில்வேனியா மாநிலத்தின் 1776 அரசமைப்பைப் பெயின் எழுதவில்லை. ஆனால் அவர் எண்ணத்துக்கு மிக நெருக்கமானது. ஒரே அவை, ஆளுநருக்குப் பதில் 12 பேர் குழு, 21 வயதான, வரி கட்டிய சுதந்திர ஆண்களுக்கு வாக்கு. அந்தக் காலத்துக்கு இது பெரிய தாராளம். கோளாறு எங்கே வந்தது? அவையைத் தடுக்க உடனடி வழி இல்லை. அரசமைப்பு மீறல்களை ஆராயும் மன்றம் கூடியது 7 ஆண்டுக்கு ஒருமுறைதான். 1777இல் புதிய அரசுக்கு விசுவாச உறுதிமொழி எடுக்காதவர்களின் வாக்குரிமையைச் சட்டம் பறித்தது. போரில் பக்கம் சேர மதத்தின்படி மறுத்த குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினர் அதில் சிக்கினார்கள். 1785இல் நார்த் அமெரிக்கா வங்கியின் சாசனத்தை (இயங்குவதற்கான உரிமத்தை) அவை ரத்து செய்தபோது எதிர்த்து எழுதியவர் பெயினேதான்! கட்சி வெறி பிடித்த ஒற்றை அவை அவசரப்படும் என்பதை அப்போது அவரும் ஒப்புக்கொண்டார். நேர்மையான மனிதர். 1790இல் பென்சில்வேனியாவிலும் ஈரவை வந்தது.

அதற்காக ஆடம்ஸ் வென்றார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் வரைவிலிருந்து உருவான 1780 மாசசூசெட்ஸ் மாநில அரசமைப்பில் ஆளுநரின் வீட்டோவை மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் மீறலாம், அருமையான ஏற்பாடு. ஆனால் வாக்களிக்க 60 பவுண்டு சொத்தோ, ஆண்டுக்கு 3 பவுண்டு வருமானம் தரும் நிலமோ வேண்டும். ஆளுநராக 1,000 பவுண்டு நிலம். செனட் என்ற மேலவையின் இடங்களை மாவட்டங்கள் கட்டிய வரியை வைத்துப் பங்கிட்டார்கள். சொத்துத் தகுதியைத் தளர்த்தினால் பெண்களும் வாக்குக் கேட்பார்கள் என்று 1776 மே மாதக் கடிதமொன்றில் ஆடம்ஸ் அஞ்சியிருக்கிறார்.

கேள்வி: ‘எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்’ என்று அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் எழுதிய ஜெபர்சன் அடிமைகளை வைத்திருந்தார், ஆடம்ஸ் வைத்திருக்கவில்லை. யார் சமத்துவவாதி?

பதில்: ஜெபர்சன் தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தார். இதற்குச் சமாதானம் கிடையாது. ஆடம்ஸும் அவரும் பரிமாறிய 1813 கடிதங்களில், குணமும் திறமையும் உள்ளவர்களை மக்களே தேர்ந்துகொள்வார்கள் என்று அவர் நம்பினார். அழகும் செல்வமும் குலமும் மக்கள் கண்ணை மறைக்கும் என்றார் ஆடம்ஸ். ஆடம்ஸின் சமத்துவம் சட்டத்தின் முன் சமம் என்பதோடு நின்றது. ஆனால் அது வெறும் எழுத்தாக இருக்கவில்லை: எல்லா மனிதரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்ற மாசசூசெட்ஸ் அரசமைப்பின் முதல் பிரிவைக் காட்டித்தான் 1783இல் அடிமையாக இருந்த குவாக் வாக்கரின் வழக்கில் அடிமைமுறை அந்தப் பிரிவுக்குப் பொருந்தாது என்று தலைமை நீதிபதி அறிவித்தார்.