வீட்டிலேயே டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன் செய்ய முடியுமா? எங்கே தொடங்குவது?

கேள்வி இதுதான்: ஒருவர் இரண்டு பேர் உட்காரும் லேசான கார் ஒன்றைத் தன் கையாலேயே கட்டுகிறார். அதன் முன்பக்கத்துக்கு டபுள் விஷ்போன் சஸ்பென்ஷனை (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரு கால் உள்ள இரண்டு ஆர்ம்கள், அதாவது கைகள், தாங்கும் அமைப்பு) வீட்டிலேயே வடிவமைத்துச் செய்ய முடியுமா, முடியும் என்றால் முதலில் எதை முடிவு செய்ய வேண்டும் என்று கேட்கிறார்.

முடியும். வெல்டிங் நன்றாகக் கைவந்திருக்க வேண்டும். டிரில்லிங் மெஷினும் சமதளமான கனத்த மேசையும் வேண்டும். லேத் வேலையை வெளியில் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். நான் ஒரு காரின் முன்பக்கத்தை அப்படித்தான் செய்தேன். இந்த வேலையில் இறங்குகிற பெரும்பாலானோர் கேம்பர் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் சாயும் கோணம்), ரோல் சென்டர் (வளைவில் பாடி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) என்று கோணங்களிலேயே மாதக்கணக்கில் மூழ்கிவிடுகிறார்கள். கோணம் கொஞ்சம் பிசகினால் கார் சுமாராகத் திரும்பும், அவ்வளவுதான். சக்கரத்தின் சுமை எந்த வழியாகச் சேசிஸுக்குப் போகிறது என்பதைப் பார்க்காமல் விட்டால் ஆர்ம் முறிந்து சக்கரமே கழன்றுவிடும். அதனால் கோணங்களுக்குத் தேவையான அளவு மட்டும் இடம் கொடுத்துவிட்டு, சுமையைப் பற்றி அதிகம் எழுதுகிறேன்.

தொடங்க வேண்டிய இடம் ஆர்ம் அல்ல, சக்கரம். டயர் அளவு, ரிம்மின் ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது), பிரேக் டிஸ்க், அதைப் பிடிக்கும் காலிப்பர், ஹப்பைத் தாங்கி ஆர்ம்களோடு இணையும் நக்கிள் என்று வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். ஆர்மின் வடிவம் கிட்டத்தட்டக் கடைசியில்தான் வரும். நக்கிள், ஹப், பேரிங், பிரேக் இவற்றை வீட்டில் செய்ய முயலவே வேண்டாம். ஏற்கெனவே டபுள் விஷ்போன் உள்ள ஒரு காரிலிருந்து முழு செட்டாக எடுங்கள். 1989இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 நான்கு சக்கரத்திலும் டபுள் விஷ்போன் கொண்டது. கிட் கார் கட்டுகிறவர்கள் அதன் பாகங்களை விரும்பி எடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (மேல் ஆர்முக்குப் பதில் ஷாக் அப்சார்பரே நக்கிளைப் பிடிக்கும் அமைப்பு) உள்ள காரின் நக்கிளில், மேல் பால் ஜாயின்டுக்கு, அதாவது ஆர்மை நக்கிளோடு இணைக்கும் உருண்டை மூட்டுக்கு, இடமே இருக்காது. அதற்கு ஒரு அடாப்டர் செய்யலாம். ஆனால் பிரேக் பிடிக்கும்போது மேல் ஆர்முக்குப் போகும் விசை முழுவதையும் அந்த அடாப்டர்தான் தாங்க வேண்டும், அதற்குத் தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

நக்கிளும் ரிம்மும் முடிவானதுமே பாதிக் கேள்விகளுக்கு விடை வந்துவிடும். இரண்டு பால் ஜாயின்டுகளுக்கும் இடையிலான தூரம், கிங்பின் சாய்வு (அந்த இரண்டையும் இணைக்கும் கோடு முன்பக்கப் பார்வையில் சாயும் கோணம்), ஸ்க்ரப் ரேடியஸ் (அந்தக் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம்), ஸ்டியரிங் ஆர்மின் நீளம் எல்லாம் அதோடு சேர்ந்தே வருகின்றன. அடுத்து ஸ்டியரிங் ரேக்கை (ஸ்டியரிங் சுழல்வதைப் பக்கவாட்டு அசைவாக்கும் பற்தண்டு) எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரு முனை ஜாயின்டுகளுக்கு இடையிலான அகலத்தை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ரேக்கைக் கீழ் ஆர்மின் உயரத்தில் வைத்து, டை ராடும் (ரேக்கை நக்கிளோடு இணைக்கும் தண்டு) கீழ் ஆர்மும் முன்பக்கப் பார்வையில் ஒரே நீளம், ஒரே சாய்வு என்று அமைத்துவிட்டால் பம்ப் ஸ்டியர் (சக்கரம் ஏறி இறங்கும்போது தானாகத் திரும்புவது) ஏறக்குறைய இல்லாமல் போகும். ஆக, கீழ் ஆர்மின் உள் முனை எங்கே வர வேண்டும் என்பதை ரேக்கே சொல்லிவிடுகிறது. ஆர்மை முதலில் செய்துவிட்டுப் பிறகு ரேக்குக்கு இடம் தேடுகிறவர்கள்தான் சாலை மேடு பள்ளத்தில் தானாகத் திரும்பும் காரோடு போராடுகிறார்கள்.

இப்போது மேல் ஆர்ம். இரண்டு ஆர்மும் ஒரே நீளத்தில் இணையாக இருந்தால் சக்கரம் மேலேறும்போது கேம்பர் மாறாது. ஆனால் வளைவில் பாடி சாய்கிற அளவுக்குச் சக்கரமும் வெளிப்பக்கம் சாய்ந்துவிடும். மேல் ஆர்மைக் குட்டையாக்கி உள்பக்கம் சற்றுக் கீழே சாய்த்தால், மேலேறும் சக்கரம் தலையை உள்ளே சாய்த்துக்கொள்ளும். இதற்கு எளிய கணக்கு உண்டு. முன்பக்கப் பார்வையில் இரண்டு ஆர்ம்களின் கோடுகளையும் நீட்டினால் ஒரு புள்ளியில் சந்திக்கும். சக்கரத்திலிருந்து அந்தப் புள்ளி வரையுள்ள தூரத்தை மில்லிமீட்டரில் எடுத்து, 57.3ஐ அதால் வகுத்தால், ஒரு மி.மீ. ஏற்றத்துக்கு எத்தனை டிகிரி கேம்பர் மாறும் என்பது கிடைக்கும். தூரம் 1500 மி.மீ. என்றால் 25 மி.மீ. ஏற்றத்துக்கு ஒரு டிகிரிக்குச் சற்றுக் குறைவு. இரு சக்கரங்களுக்கும் இடையே 1500 மி.மீ. உள்ள காரில், பாடி ஒரு டிகிரி சாய்ந்தால் அதில் பாதியை இந்த அமைப்பு ஈடுகட்டிவிடும். முதல் முயற்சிக்கு இது போதும். முழுவதையும் ஈடுகட்டப் பார்த்தால் நேர்ச் சாலையில் பிரேக் பிடிக்கும்போது சக்கரங்கள் மிகையாக உள்ளே சாய்ந்து, டயரின் உள்விளிம்பில் மட்டும் நிற்கும்.

ரோல் சென்டரைப் பற்றி ஒரே வரி: தரைக்கு மேல் சில சென்டிமீட்டரில் வைத்துக்கொண்டு நகருங்கள். ஆன்டி-டைவையும் (பிரேக் பிடிக்கும்போது கார் முன்னே குனிவதைக் குறைக்கும் அமைப்பு) இந்த முறை விட்டுவிடலாம். பக்கவாட்டுப் பார்வையில் இரண்டு ஆர்ம்களின் உள் அச்சுகளும் தரைக்கு இணையாக இருக்கட்டும். காஸ்டர் (இரண்டு பால் ஜாயின்டுகளை இணைக்கும் கோடு பக்கவாட்டுப் பார்வையில் பின்னே சாயும் கோணம்) 4 அல்லது 5 டிகிரி வைத்து, ஷிம் என்னும் மெல்லிய தகடு போட்டுக் கூட்டிக் குறைக்க வசதி செய்துகொள்ளுங்கள்.

இதையெல்லாம் வரைய விலையில்லா மென்பொருளான ஃப்ரீகேட் போதும். ஆர்ம்களின் நீளத்தைப் பூட்டிவிட்டுச் சக்கரத்தை இழுத்தால் மற்றவை கூடவே நகரும். அப்புறம் தடிமனான அட்டையில் அரை அளவில் வெட்டி, குண்டூசி குத்தியும் அசைத்துப் பாருங்கள். ரிம்மின் உள்விளிம்பு மேல் பால் ஜாயின்டில் இடிப்பது திரையைவிட அட்டையில்தான் சீக்கிரம் கண்ணில் படும்.

சரி, சுமைக்கு வருவோம். ஒரு முன்சக்கரத்தின் மேல் 300 கிலோ நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடுமையாகப் பிரேக் பிடித்தால் எடை முன்னே சாய்ந்து அது 400 கிலோவாகலாம். நல்ல டயர் அந்த எடைக்குச் சமமான விசையோடு தரையைப் பிடிக்கும், அதாவது ஏறக்குறைய 4000 நியூட்டன். கீழ் பால் ஜாயின்ட் தரையிலிருந்து 150 மி.மீ., மேல் பால் ஜாயின்ட் 400 மி.மீ. உயரத்தில் இருந்தால், கீழ் ஆர்முக்குப் போவது 6400 நியூட்டன், மேல் ஆர்முக்கு எதிர்த்திசையில் 2400. தரையில் இருப்பதைவிடக் கீழ் ஆர்மில் விசை அதிகம்! பால் ஜாயின்டுகளை நெருக்கி வைத்தால் இது இன்னும் ஏறும். கீழ் ஆர்மின் நீளம் 350 மி.மீ., அதன் இரண்டு கால்களும் சேசிஸில் 300 மி.மீ. இடைவெளியில் பிடித்திருந்தால், ஒவ்வொரு காலிலும் சுமார் 8100 நியூட்டன் வரும். இடைவெளியை 450 ஆக்கினால் 5900க்கு இறங்கிவிடும். இடம் இருக்கும்வரை கால்களை அகட்டி வையுங்கள்.

8100 நியூட்டன் என்பது பயமுறுத்தும் எண்ணாகத் தெரியலாம். 25 மி.மீ. வெளிவிட்டமும் 2.5 மி.மீ. சுவரும் உள்ள சாதாரண எஃகுக் குழாய்க்கு அது ஒன்றுமே இல்லை. நீளவாக்கில் வரும் தகைவு, அதாவது குறுக்குவெட்டுப் பரப்பில் சதுர மி.மீ.க்கு வரும் விசை, 46 மெகாபாஸ்கல்தான். மைல்டு ஸ்டீல் நிரந்தரமாக நெளியத் தொடங்க 250 அளவில் தேவை. இப்போது அதே ஆர்மின் நடுவில் ஸ்பிரிங்கை உட்கார வைப்போம். உள் முனையிலிருந்து 60 சதவீத தூரத்தில், ஸ்பிரிங்கைச் சுமக்கும் ஷாக் நேராக நிற்கிறது. கார் ஒரு பெரிய குழியில் விழுகிறது. நிற்கும் எடையைப் போல மூன்று மடங்கு என்பது பொதுவாக எடுக்கும் கணக்கு. அதன்படி பால் ஜாயின்டில் சுமார் 9000 நியூட்டன் மேல்நோக்கித் தள்ளும். ஸ்பிரிங்குக்கும் பால் ஜாயின்டுக்கும் இடையே 140 மி.மீ. இரண்டு குழாய்களும் சமமாகப் பகிர்ந்துகொண்டாலும் வளைவுத் தகைவு 700 மெகாபாஸ்கல் பக்கம் போகிறது. அதாவது அந்த ஆர்ம் முதல் பெரிய குழியிலேயே வளையும். ஸ்பிரிங்கின் அடியைப் பால் ஜாயின்டை நோக்கி நகர்த்தி 90 சதவீதத்தில் வைத்தால், அதே குழாயில் 175தான் வரும்.

வரைபடத்தில் ஒவ்வொரு பாகத்தையும் தொட்டு, இது இழுபடுகிறதா, அமுங்குகிறதா, வளைகிறதா என்று கேளுங்கள். இழுபடுவதும் அமுங்குவதும் பரவாயில்லை. வளைகிறது என்று பதில் வந்தால் அந்த இடத்தை மாற்றுங்கள், மாற்ற முடியாவிட்டால் கணக்குப் போட்டுத் தடிமனாக்குங்கள்.

ஸ்பிரிங்கை வெளியே தள்ளுவதில் இன்னொரு லாபமும் உண்டு. சக்கரத்தில் கிடைக்கும் விறைப்பு, ஸ்பிரிங்கின் விறைப்பை நகர்வு விகிதத்தின் (சக்கரம் ஒரு மி.மீ. ஏறும்போது ஸ்பிரிங் எத்தனை மி.மீ. அமுங்குகிறது என்பது) வர்க்கத்தால் பெருக்கியது. சக்கரத்தின் மேல் தொங்கும் பாடியின் பங்கு 250 கிலோ, நமக்கு வேண்டிய அதிர்வெண் 1.5 ஹெர்ட்ஸ் என்றால், சக்கரத்தில் மி.மீ.க்கு 22 நியூட்டன் விறைப்பு தேவை. விகிதம் 0.6 என்றால் 62 நியூட்டன் ஸ்பிரிங் வேண்டும், 0.9 என்றால் 27 போதும். சாதாரணக் கார்கள் 1 முதல் 1.5 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். பின்பக்கத்தை முன்பக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக வைத்தால், மேட்டைத் தாண்டிய பிறகு கார் முன்னும் பின்னுமாக ஆடுவது குறையும். 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் மாரிஸ் ஆலி செய்த வேலையிலிருந்து வந்த வழக்கம் இது, இன்றும் செல்லுபடியாகிறது. ஷாக்கை அவ்வளவு வெளியே கொண்டுபோனால் மேல் ஆர்ம் குறுக்கே வரும் என்பது உண்மைதான். மேல் ஆர்மின் இரு கால்களுக்கு நடுவே ஷாக்கை விட்டுவிடுங்கள். முன்சக்கர இயக்கம் என்றால் டிரைவ் ஷாஃப்டும் அங்கேதான் இருக்கும். ஷாக்கின் அடியில் கவட்டை போட்டு அதைச் சுற்றிப் போக வேண்டியிருக்கும்.

வளைவு பற்றிய அதே விதிதான் ஜாயின்டுகளுக்கும். வீட்டில் கட்டிய கார்களின் படங்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குவது, ஆர்மின் வெளி முனையில் பால் ஜாயின்டுக்குப் பதிலாகத் திருகியிருக்கும் ராட் எண்ட், அதாவது மரையுள்ள தண்டின் தலையில் உருண்டை வைத்த மூட்டு. கேம்பரைச் சரிசெய்ய வசதிதான். ஆனால் பிரேக் விசையும் குழியின் அடியும் அதன் மரையுள்ள தண்டை வளைக்கின்றன. மரையின் ஒவ்வொரு பள்ளமும் விரிசல் பிறக்க ஏற்ற இடம். ராட் எண்டை ஆர்மின் உள் முனைகளில், சுமை தண்டின் நீளவாக்கில் மட்டும் வரும்படி வையுங்கள். வெளி முனையில் பெரிய காரின் பால் ஜாயின்ட் போடுங்கள், அல்லது கூட்டில் அழுத்திய ஸ்பெரிக்கல் பேரிங். ஸ்பிரிங் சுமை வரும் கீழ் ஜாயின்ட், அந்தச் சுமையை எந்தத் திசையில் தாங்கச் செய்யப்பட்டதோ அதே திசையில் பொருந்த வேண்டும். போல்ட்டுகள் எல்லாம் இருபுறமும் தகடு பிடித்த பிராக்கெட்டில் இருக்கட்டும். தகட்டின் துளைக்குள் மரை வரக் கூடாது, வழுவழுப்பான பகுதிதான் வர வேண்டும். ராட் எண்டுக்கு வெளியே அதன் கூட்டைவிடப் பெரிய வாஷர் போட்டால், உள்ளே உள்ள உருண்டை பிடுங்கிக்கொண்டாலும் ஆர்ம் போல்ட்டைவிட்டுக் கழலாது.

பாகங்களை அசையாமல் சரியான இடத்தில் பிடிக்கும் ஜிக் இல்லாமல் வெல்டிங்கில் இறங்காதீர்கள். கனமான தகட்டில் புஷ் கூடுகளையும் பால் ஜாயின்ட் கூட்டையும் போல்ட் போட்டு இறுக்கி, குழாய் முனைகளை இடைவெளியே இல்லாமல் ராவிப் பொருத்தி, எல்லா இடத்திலும் டேக் (சிறு புள்ளி வெல்டிங்) வைத்த பிறகே முழு வெல்டிங். ஒரு பக்கமே தொடர்ந்து ஓட்டாமல் மாற்றி மாற்றி ஓட்டி, ஆறிய பிறகு ஜிக்கிலிருந்து எடுங்கள். பேரிங் கூட்டின் உள்விட்டத்தை வெல்டிங் முடிந்த பிறகுதான் லேத்தில் கடைசி அளவுக்குக் கொண்டுவர வேண்டும், சூட்டில் அது கோணிவிடும். அலுமினியக் குழாயில் ஆசை வேண்டாம்; சூடேற்றிப் பதப்படுத்திய அலுமினியம் வெல்டிங்குக்குப் பக்கத்தில் தன் வலுவில் பெரும்பங்கை இழந்துவிடும். பளபளப்புக்காகக் குரோம் பூசவும் வேண்டாம். அந்த முறையில் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து வலுவான எஃகை நொறுங்கும்படி ஆக்கக்கூடும். வெளிர் நிறத்தில் மெல்லிய பெயின்ட் அடியுங்கள், விரிசல் விட்டால் கோடாகத் தெரியும்.

பூட்டிய பிறகு ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை ஜாக்கியால் அடியிலிருந்து உச்சி வரை ஏற்றி இறக்குங்கள், ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பியும் செய்யுங்கள். பிரேக் குழாய் இழுபடுகிறதா, டயர் எதையாவது உரசுகிறதா, பால் ஜாயின்ட் தன் கோண எல்லையைத் தொடுகிறதா என்று ஒவ்வொரு உயரத்திலும் நின்று பாருங்கள். ஹப்பில் ஒரு நேரான தகட்டைப் பிடித்து, அதன் முன்னும் பின்னும் டயல் கேஜ் வைத்து 10 மி.மீ.க்கு ஒருமுறை டோவை (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) குறித்து வரைபடமாக்குங்கள். கோடு ஒரே பக்கமாகச் சாய்ந்து போனால் டை ராடின் உயரம் தவறு. ரேக்கையோ வெளி முனையையோ ஷிம் போட்டு உயர்த்தித் தாழ்த்த வேண்டும். மேலே போனாலும் கீழே போனாலும் டோ ஒரே பக்கமாக மாறி, கோடு வில்லாக வளைந்தால் டை ராடின் நீளம் பொருந்தவில்லை. இரண்டும் கலந்து வந்தால் முதலில் உயரம், பிறகு நீளம்.

ரப்பர் புஷ் போட்டிருந்தால் கார் தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான் போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். பொதுச் சாலையில் ஓட்டுவதாக இருந்தால், வெட்டத் தொடங்குவதற்கு முன்பே உங்கள் ஊர்ச் சட்டம் இந்த மாற்றத்துக்கு என்ன சோதனை கேட்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சில இடங்களில் வெல்டிங்குக்கு முன்பே வரைபடத்தைக் காட்ட வேண்டியிருக்கும். முதல் ஓட்டம் மூடிய இடத்தில், மெதுவாக, நேர்க்கோட்டில் பிரேக் பிடித்து. உடனே நிறுத்தி, இறுக்கும்போதே எல்லா நட்டுகளிலும் போட்டு வைத்த பெயின்ட் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் வளைவுகள், கடைசியாக மேடு பள்ளம். ஒவ்வொன்றுக்கும் பிறகு காரைத் தூக்கி, டார்ச் அடித்து வெல்டிங் ஓரங்களைப் பாருங்கள், முக்கியமாக ஸ்பிரிங் உட்காரும் பிராக்கெட்டின் ஓரங்களை.