99,99,999 கேம் எங்கே? – கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, சின்ன வயதில் விளையாடிய மரியோ, சோனிக் வீடியோ கேம்களைத் தேடிப் பிடித்து மறுபடி வாங்கியவர்களுடையவை. நீளமானவற்றை வெட்டியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். கேம் அடங்கிய, கன்சோலில் செருகும் கார்ட்ரிட்ஜை ஊர் வழக்கப்படி ‘கேசட்’ என்றே எழுதுகிறேன்.

கேள்வி: அப்போது கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய குழிகளில் இப்போது வரிசையாக விழுகிறேன். பழைய கன்சோல், பழைய கேசட், புது டிவி. கேசட் போலியா, எனக்கு வயதாகிவிட்டதா?

இரண்டும் இல்லை, டிவிதான் காரணம். பழைய பிக்சர் டியூப் டிவி, சிக்னல் வர வர வரிவரியாகத் திரையில் வரைந்துவிடும். புது டிவி வந்த படத்தைப் பிடித்து வைத்து, பெரிதாக்கி, மெருகேற்றி, அதற்குப் பிறகுதான் நமக்குக் காட்டும். மரியோ ஓடுவது விநாடிக்கு 60 படம். டிவி 100 மில்லிவிநாடி தாமதித்தால் நீங்கள் பார்ப்பது ஆறு படத்துக்கு முந்தைய மரியோவை. குழியின் விளிம்பில் நிற்கிறான் என்று திரை சொல்லும்போது ஆள் ஏற்கெனவே உள்ளே போயாகிவிட்டது.

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன், டிவி செட்டிங்கில் ‘கேம் மோட்’ போடுங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் மட்டும் பழைய கன்சோலுக்கென்றே செய்த அப்ஸ்கேலர் (பழைய படத்தைப் புது டிவிக்கு ஏற்றபடி பெரிதாக்கித் தரும் பெட்டி) பற்றி யோசிக்கலாம். பழைய கன்சோல் அனுப்பும் 240 வரிப் படத்தை 480 வரி இன்டர்லேஸ் (ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறி வரும் படம்) என்று நிறைய டிவிகள் தப்பாக எடுத்துக்கொள்ளும். படம் குழம்புவதும் தாமதம் கூடுவதும் அதனால்தான். நல்ல அப்ஸ்கேலர் அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும். அதற்கு அப்புறமும் விழுந்தால் வயதுதான்.

கேள்வி: கேசட் ஓடவில்லை என்றால் ஊதிப் போடலாமா?

கூடாது. வாய் ஈரம் பட்டுப் பட்டு முனை கறுத்துப்போகும். அந்தக் காலத்தில் கேசட் ஓடியது ஊதியதால் இல்லை, கழற்றி மறுபடி செருகியதால். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள், காய்ந்த பிறகு செருகுங்கள்.

கேள்வி: ‘99,99,999 இன் 1’ என்று அட்டையில் போட்டிருந்தது. ஆசையாக வாங்கினேன். மெனுவில் பக்கம் பக்கமாகப் பெயர், திறந்தால் எல்லாம் அதே மரியோ. என்னை ஏமாற்றிவிட்டார்களா?

வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். எனக்கும் இதில் நெடுநாள் வயிற்றெரிச்சல் உண்டு.

என் கேசட்டிலும் இதே கதைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து எண்ணினேன். ஏழு கேம். மிச்சமெல்லாம் அந்த ஏழு போட்ட வேஷம்: மூன்றாம் உலகத்தில் தொடங்கும் மரியோ, குதித்தால் தலை திரைக்கு மேலே போய்விடும் மரியோ, 30 உயிரோடு கிளம்பும் கான்ட்ரா. அது முடிந்ததும் பட்டியல் மறுபடி முதலிலிருந்து வரும், நம்பர் மட்டும் வேறு.

கணக்கைப் பாருங்கள். 1985-ல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கிலோபைட். மேகத்தையும் புதரையும் ஒரே படமாக வைத்து நிறத்தை மட்டும் மாற்றியது இந்தச் சிக்கனத்துக்காகத்தான். அந்த அளவிலேயே 99,99,999 கேம் என்றால் ஏறக்குறைய 400 ஜிகாபைட் ஆகிறது, அதுவும் அந்தக் காலத்து கேசட்டுக்குள்! கேமுக்கு ஒரு நிமிடம் ஒதுக்கினாலும், தூங்காமல் கொள்ளாமல் 19 வருஷம் விளையாட வேண்டும். இந்த மரியோ ஓடிய நின்டெண்டோ கன்சோலான ஃபேமிகாமுக்கு ஜப்பானில் முறையாக வெளிவந்தவையே ஆயிரத்துச் சொச்சம்தான். ஒன்பதுகளை அச்சடிக்கக் கூடுதல் செலவில்லை, அதனால் அடித்தார்கள்.

இன்றைக்கும் அதே வித்தை நடக்கிறது. ‘10,000 கேம்’ என்று கையடக்கக் கருவிகள் வருகின்றனவே, அவற்றில் ஒரே மரியோ ஜப்பான் பதிப்பு, அமெரிக்கப் பதிப்பு, ஐரோப்பியப் பதிப்பு என்று மூன்று தலையாக எண்ணப்பட்டிருக்கும். பெரும்பாலும் உரிமம் இல்லாத நகல்கள் வேறு. அப்படி ஒன்றையும் வாங்கி வைத்தேன் (ஒருமுறை பட்டது போதாது எனக்கு). கூட வந்த மெமரி கார்டு நாலு மாதத்தில் செத்தது. நீங்கள் நிஜமாக விளையாடப்போகும் ஐந்து கேமின் பெயரை எழுதி விற்பவருக்கு அனுப்புங்கள், அவை ஓடுவதை வீடியோ எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். இழுத்தடிக்கிறாரா, விட்டுவிடுங்கள்.

கேள்வி: மரியோவில் 1-2 (முதல் உலகத்தின் இரண்டாம் கட்டம்) முடிவில் சுவருக்குள் புகுந்து குழாயில் இறங்கினேன். தண்ணீருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது, முடியவே இல்லை. கேசட் கெட்டுவிட்டது, பணத்தைத் திருப்பித் தர வேண்டாமா?

வேண்டாம். அது அந்த கேமில் முதலிலிருந்தே இருக்கும் பிழை. முடிவில்லாத அந்த ‘-1’ உலகத்துக்குப் போகத்தான் ஊரே சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. உங்கள் கேசட் நன்றாக இருக்கிறது, டைம் தீரும்வரை நீந்துங்கள்.

கேள்வி: ஃபேமிகாம் வாங்கினேன், அடாப்டர் இல்லை. வீட்டில் கிடந்த வேறு கன்சோலின் அடாப்டர் கச்சிதமாகப் பொருந்தியது. போட்டதும் கருகிய வாடை. விற்றவர் பொறுப்பேற்க மறுக்கிறார்.

அவர் ஏன் ஏற்க வேண்டும்? பொருந்துகிறது என்பதற்காகப் பக்கத்து வீட்டுச் சாவியைப் போட்டுத் திருப்புவீர்களா? ஃபேமிகாமுக்கு வேண்டியது 10 வோல்ட் டிசி, முனையின் நடுவில் நெகட்டிவ். ஃபேமிகாமின் அமெரிக்க வடிவமான என்ஈஎஸ் கன்சோலின் அடாப்டர் கொடுப்பது 9 வோல்ட் ஏசி, ஆனால் முனை பொருந்தும். அடாப்டர் முதுகில் எல்லாம் அச்சடித்துத்தான் இருக்கிறது, படிக்க அரை நிமிடம். பழுது பார்ப்பவரிடம் கொண்டு போங்கள். அங்கே போய் ‘தானாகப் போச்சு’ என்று சொல்லாமல் நடந்ததைச் சொல்லுங்கள்.

கேள்வி: ‘ஒரிஜினல், பெட்டியோடு’ என்று சொன்னதை நம்பி மகன் பிறந்தநாளுக்கு வாங்கினேன். தெரிந்தவர் பார்த்துவிட்டு நகல் என்கிறார். திறந்து பார்த்தால் சிப்புக்குப் பதில் கறுப்பாகத் தார் உருண்டை மாதிரி இருக்கிறது. கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை, அம்மா. எனக்கும் இது நடந்தது. எல்லாம் தெரிந்த மனுஷன் ஏமாந்தேன் என்று எப்படிச் சொல்வது என்று மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன், திருப்பி அனுப்பும் கெடு தாண்டிப்போயிற்று. நீங்கள் இன்றைக்கே எழுதுங்கள்.

கேசட்டுக்குள் இருக்கும் சர்க்யூட் பலகையையும் லேபிளையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். விளம்பரத்தில் ‘ஒரிஜினல்’ என்று இருக்கும் பக்கத்தை, அவர் அழிப்பதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். போனில் பேசாமல் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால், பணம் கட்டிய வழியிலேயே, வங்கி அட்டையோ விற்பனைத் தளமோ, புகார் கொடுங்கள். ‘முதலில் பொருளை அனுப்பு, அப்புறம் பணம்’ என்றால் டிராக்கிங் இல்லாமல் அனுப்பாதீர்கள்.

அதுவரை அந்தக் கேசட்டைப் போடாமல் இருப்பது நல்லது. 5 வோல்ட் கன்சோலில் 3.3 வோல்ட் சிப்பை அப்படியே ஒட்டிய நகல்களும் உண்டு, அவை கன்சோலுக்கும் ஆகாது. அடுத்த முறை வாங்கும் முன் பலகையின் படத்தைக் கேளுங்கள். எழுத்தும் எண்ணும் அச்சடித்த சிப் தெரிய வேண்டும்.

கேள்வி: சூப்பர் மரியோ வேர்ல்ட் கேசட்டில் சேவ் நிற்பதில்லை. போலியா?

உள்ளே நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கிறது, அது தீர்ந்திருக்கும். 1990-ல் வந்த கேமுக்கு அந்த பேட்டரி இவ்வளவு நாள் உழைத்ததே பெரிது. சால்டர் செய்ய வாகாகத் தகடு ஒட்டியே விற்கிறார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். செல்லோடேப் வேலை வேண்டாம்.

கேள்வி: இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு? டிஜிட்டலாக வாங்கினால் போதாதா?

விளையாட மட்டும் என்றால் போதும், பல சமயம் அதுதான் மலிவும்கூட. ஆனால் கையில் கிடைப்பது விளையாடும் உரிமம்தான், பொருள் இல்லை. நின்டெண்டோவின் வீ (Wii) கன்சோலுக்கான ஆன்லைன் கடை 2019 ஜனவரி 30-ல் மூடியது, அதன் 3டிஎஸ், வீ யு (Wii U) கன்சோல்களின் கடைகளில் 2023 மார்ச் 27-க்குப் பிறகு வாங்க முடியாது. சந்தா கட்டி விளையாடுகிறீர்கள் என்றால், சந்தா நின்ற அன்று மரியோவும் நின்றுவிடுவான். வாங்கும் முன் அது விலையா வாடகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சோனிக் மந்தமாக ஓடுகிறது, பாட்டும் இழுக்கிறது. கன்சோல் பழுதா?

50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 படம் காட்டும் கன்சோலாக இருக்கும். 60-க்கு எழுதிய கேம் அதில் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். சின்ன வயதில் நீங்கள் விளையாடியதும் 50-தான் என்றால் மாற்றாதீர்கள், உங்கள் காதுக்கு அதுதான் ஒரிஜினல்.

கேள்வி: திரையைக் குறிபார்த்துச் சுடும் பழைய கேம் துப்பாக்கி எல்சிடி டிவியில் வேலை செய்யுமா?

செய்யாது.

கேள்வி: ரீவைண்டு போட்டு, செத்த இடத்திலிருந்தே பின்னால் போய்ப் போய் கடைசிக் கோட்டையை முடித்தேன். முடித்ததாகக் கணக்கா? தம்பி ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான்.

இது நுகர்வோர் பகுதி. ஆனாலும் தம்பி பக்கம்தான் நான்.