சிகாகோவுக்குக் குடும்பத்தோடு வருகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

சிகாகோவில் நாங்கள் குடியேறி 19 வருடம் ஆகிறது. அண்ணன் குடும்பம், நாத்தனார் குடும்பம், கணவரின் கல்லூரி நண்பர்கள், இரண்டு பக்கத்துப் பெற்றோர் என்று கோடைக்குக் கோடை யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றியதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன். டிக்கெட் விலையும் திறக்கும் நேரமும் அடிக்கடி மாறும். கிளம்புமுன் அந்தந்த இடத்தின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (சென்னை): அக்கா, பையனுக்கு ஏப்ரல் நடுவில் பரீட்சை முடிந்துவிடும். உடனே கிளம்பி வந்தால் சரியாக இருக்குமா?

பதில்: ஒரு மாதம் பொறுத்து வாருங்கள். ஏப்ரலில் இங்கே ஒரு நாள் வெயில் அடிக்கும், மறுநாள் பனி விழும். மே பாதியில்கூட ஏரிக்காற்று வீசினால் குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். மே கடைசித் திங்கள் மெமோரியல் டே. அந்த வார இறுதியில்தான் மிச்சிகன் ஏரியில் குளிக்க விடுவார்கள். பக்கிங்ஹாம் நீரூற்று ஓடத் தொடங்குவதும் மே மாதத்தில்தான். மே கடைசி வாரமும் ஜூன் முதல் வாரமும் உங்களுக்குத் தோதான காலம். இங்கத்துப் பள்ளிகள் அப்போது முழுதாக மூடியிருக்காது என்பதால் கூட்டம் குறைவு, நீங்களும் பள்ளி திறப்பதற்குள் ஊர் திரும்பிவிடலாம்.

ஜூலை கடைசி, ஆகஸ்ட் தொடக்கத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கிராண்ட் பார்க்கில் லொல்லபலூசா இசைவிழா 4 நாள் நடக்கும். ஹோட்டல் வாடகை ஏறிவிடும், பூங்காவைச் சுற்றியுள்ள சாலைகளை அடைத்துவிடுவார்கள்.

இன்னொன்று. கோடையில் நமக்கும் இந்த ஊருக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். முதல் இரண்டு நாள் பையன் விடியுமுன்னே எழுந்து உட்கார்ந்துகொள்வான். அவனை அதட்டித் தூங்க வைக்கப் பார்க்காமல் ஏரிக்கரைக்குக் கூட்டிப் போங்கள். ஏரி ஊருக்குக் கிழக்கே இருப்பதால் மெரினாவில் பார்ப்பது போலவே தண்ணீருக்குள்ளிருந்து சூரியன் எழும். மறுகரை கண்ணுக்குத் தெரியாது, வாயில் வைத்தால் உப்பு இருக்காது. அவன் அதை நம்பமாட்டான், சுவைத்துத்தான் பார்ப்பான்.

கேள்வி (டல்லாஸ்): 4 நாள் வருகிறோம். 3 வயதிலும் 8 வயதிலும் பிள்ளைகள், கூட மாமியார். ஷெட் மீன்காட்சியகம், ஃபீல்ட் மியூசியம், ஆட்லர் கோளரங்கம், ஆர்ட் இன்ஸ்டிடியூட், வில்லிஸ் டவர், ஹான்காக், நேவி பியர், படகுச் சவாரி, மிருகக்காட்சிசாலை, மில்லினியம் பார்க், கோயில் என்று 11 இடம் எழுதி வைத்திருக்கிறோம். முடியுமா?

பதில்: ஓடிப்போய் வாசலைத் தொட்டுவிட்டு வரலாம். பார்த்ததாக ஆகாது. முதல்முறை அண்ணன் குடும்பம் வந்தபோது நானும் இப்படித்தான் ஒரு நாளைக்கு மூன்று இடம் போட்டேன். மூன்றாம் நாள் ராத்திரி அண்ணி கட்டிலில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டே, "நான் நாளைக்கு ரூமிலேயே இருக்கேன், நீங்க போய்ட்டு வாங்க" என்றார். 22 மணி நேரப் பயணம் செய்து வந்தவர் அப்படிச் சொல்லும்படி வைத்துவிட்டேனே என்று இன்றைக்கும் மனசு வலிக்கிறது. அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே வழக்கம்தான். டிக்கெட் எடுத்துப் பார்க்கும் இடம் நாளைக்கு ஒன்று, அதுவும் காலையில். மத்தியானம் ரூமுக்குத் திரும்பித் தூக்கம். சாயங்காலம் டிக்கெட் இல்லாத இடம். யாரால் குறைவாக நடக்க முடியுமோ அவரை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். உங்கள் வீட்டில் அது மாமியாரும் சின்னக் குழந்தையும்.

உங்கள் பட்டியலில் ஷெட், ஃபீல்ட், ஆட்லர் மூன்றும் ஏரிக்கரையில் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. பக்கத்தில்தானே என்று ஒரே நாளில் மூன்றையும் போட்டுவிடாதீர்கள், எல்லாரும் விழுகிற பள்ளம் அது. 3 வயதுக்கு ஷெட். பெலுகா திமிங்கலத்தின் முன்னால் அரை மணி நேரம் அசையாமல் நிற்கும் குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். 8 வயதுக்கு ஃபீல்ட் மியூசியம். தெற்கு டகோடாவில் 1990இல் கிடைத்த 'சூ' என்ற டி. ரெக்ஸ் எலும்புக்கூடு அங்கேதான் இருக்கிறது. ஆகவே இவை இரண்டுக்கும் இரண்டு காலை. மூன்றாம் நாள் காலை படகு, நான்காம் நாள் மிருகக்காட்சிசாலை. மில்லினியம் பார்க்கும், ஏரிக்குள் நீண்டு போகும் நேவி பியர் துறையும் சாயங்காலங்களுக்கு. மற்றதை அடுத்த முறைக்கு வைத்துவிடுங்கள்.

கேள்வி (அதே டல்லாஸ்காரர்): படகுக்கு ஒரு காலையையே கொடுக்கச் சொல்கிறீர்களே, வெறும் கட்டடங்களைப் பார்க்கவா?

பதில்: ஒன்றே ஒன்றுக்குத்தான் பணம் என்றால் நான் அதற்குத்தான் கொடுப்பேன். ஊருக்கு நடுவே ஓடும் ஆற்றில் சுமார் 90 நிமிடம், உங்கள் மாமியார் உட்கார்ந்த இடத்திலிருந்தே பாதி ஊரைப் பார்த்துவிடுவார். இந்த ஊர் 1871 பெருந்தீயில் எரிந்துபோய், அதன் பிறகு மறுபடி எழுந்த ஊர். உலகின் முதல் வானளாவி என்று பலரும் சொல்லும் ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடம் 1885இல் இங்கேதான் எழுந்தது. இப்போது அது இல்லை, அதன் வாரிசுகள் ஆற்றின் இரு கரையிலும் நிற்கின்றன. ஆற்றுக்கும் ஒரு கதை உண்டு. ஊரின் சாக்கடையெல்லாம் ஆற்றில் கலந்து, குடிநீர் எடுக்கும் ஏரிக்கே போய்க்கொண்டிருந்தது. கால்வாய் வெட்டி, 1900இல் ஆற்றின் ஓட்டத்தையே எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டார்கள். 8 வயதுப் பிள்ளைக்குப் படகில் ஏறுமுன் இதைச் சொல்லுங்கள், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டே வரும்.

படகுத்துறைக்கு இறங்கும் வழியில் படிக்கட்டு நிறைய. சாய்தளமோ லிஃப்டோ எங்கே இருக்கிறது என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். தொப்பியும் ஒரு மெல்லிய ஸ்வெட்டரும் கையில் இருக்கட்டும்.

கேள்வி (பெங்களூரு): வாடகைக் கார் எடுக்க வேண்டுமா?

பதில்: டவுன்டவுனில் தங்கினால் வேண்டாம். ஹோட்டலில் காரை நிறுத்தவே ஓர் இரவுக்கு 50 டாலருக்கு மேல் கேட்பார்கள். ஓ'ஹேர் விமான நிலையத்துக்கு உள்ளிருந்தே புளூ லைன் ரயில் கிளம்புகிறது, சுமார் 45 நிமிடத்தில் டவுன்டவுனின் நடுவில் இருக்கும் லூப் பகுதிக்கு வந்துவிடலாம். 7 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு டிக்கெட் இல்லை. ஆனால் எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட் கிடையாது. பெட்டியும் ஸ்ட்ரோலருமாக வருபவர்கள் கிளார்க்/லேக் ஸ்டேஷனில் இறங்குங்கள், அங்கே இருக்கிறது. நாலு பெரிய பெட்டி, தூங்கும் குழந்தை, இரவு நேரம் என்றால் யோசிக்காமல் டாக்ஸி பிடியுங்கள். கோயிலுக்குப் போகும் அன்றைக்கு மட்டும் கார் எடுத்தால் போதும்.

கேள்வி (மதுரை): மகன் சிகாகோவுக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறான். நானும் வீட்டுக்காரரும் முதல்முறை வருகிறோம். அவருக்கு 71 வயது, சர்க்கரை, முழங்கால் வலி. நான் வெளியில் முட்டைகூடச் சாப்பிடமாட்டேன். எங்களை மாதிரி ஆட்களுக்கு அங்கே என்ன இருக்கிறது தங்கச்சி?

பதில்: நிறைய இருக்கிறது அக்கா, தைரியமாக வாருங்கள். முதலில் மருத்துவக் காப்பீடு. ஊரிலிருந்து கிளம்புமுன்னே மகனை எடுக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு எந்த அளவுக்குப் பணம் தருவார்கள் என்ற பகுதியை வரி விடாமல் படிக்கச் சொல்லுங்கள். இங்கே எமர்ஜென்சிக்கு ஒருமுறை போய்வந்தாலே ஆயிரக்கணக்கில் பில் வரும். சர்க்கரை மாத்திரையும் டாக்டர் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டியில் போட வேண்டாம்.

விமானத்துக்குச் சக்கர நாற்காலி எழுதிக்கொடுத்துவிடுங்கள். பெரிய மியூசியங்களிலும் கேட்டால் கொடுப்பார்கள். உங்கள் வீட்டுக்காரர் கூச்சப்பட்டால், உள்ளே நடக்க வேண்டிய தூரத்தைச் சொல்லிப் புரியவையுங்கள். முழங்காலை மிச்சம் பிடித்தால்தான் சாயங்காலம் ஏரிக்கரையில் உங்களோடு நடப்பார்.

சாப்பாட்டுக்கு, டவுன்டவுனில் தங்கும் நாட்களுக்குச் சமையலறை உள்ள அறையாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சின்ன ரைஸ் குக்கர், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி இருந்தால் காலையும் ராத்திரியும் கழிந்துவிடும். டெவன் அவென்யூ என்று ஒரு தெரு இருக்கிறது. இந்திய, பாகிஸ்தானிய மளிகைக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளுமாக நீண்டு கிடக்கும். தோசை மாவிலிருந்து முருங்கைக்காய் வரை கிடைக்கும்.

ஆர்ட் இன்ஸ்டிடியூட்டைக் கட்டாயம் பாருங்கள். 1893 செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் பேசியது அந்தக் கட்டடத்தில்தான். அவரை அனுப்பிவைக்க அளசிங்கப் பெருமாள் மதராஸில் வீடு வீடாகப் பணம் திரட்டியதும், ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி ஊக்கம் கொடுத்ததும் உங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வாசலில் ஓடும் சாலைக்கு அவர் பெயரில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். உங்கள் ஜில்லாப் பக்கத்திலிருந்து கிளம்பிய ஓர் ஆதரவு இவ்வளவு தூரம் வந்து சேர்ந்த இடம் அது. அங்கே நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (அட்லாண்டா): கோயில் என்றால் எது? ஒன்றுக்குத்தான் நேரம்.

பதில்: ஆரோராவில் பாலாஜி கோயில், லெமான்ட்டில் ராமர் கோயில். இரண்டும் புறநகர்தான், லெமான்ட் சற்று அருகில். அங்கே விவேகானந்தர் சிலையும் உண்டு. பெருமாள் சேவை என்றால் ஆரோரா.

கேள்வி (சிங்கப்பூர்): வில்லிஸ் டவரா, ஹான்காக்கா?

பதில்: ஒன்று போதும். ஏரியும் கரையும் சேர்ந்து தெரிய வேண்டும் என்றால் ஹான்காக்கின் 94ஆம் மாடி. இப்போது அந்தக் கட்டடத்தை முகவரியை வைத்து 875 நார்த் மிச்சிகன் என்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கண்ணாடித் தரையில் நிற்க வேண்டும் என்றால் வில்லிஸின் 103ஆம் மாடி, 412 மீட்டர் உயரம். இரண்டுக்கும் கட்டமைப்பை வகுத்தவர் டாக்காவில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான். உயரம் வேறு வேறான ஒன்பது சதுரக் குழாய்களை ஒன்றாகக் கட்டி நிறுத்தியது போன்ற அமைப்புதான் வில்லிஸ். ஒன்பது ஸ்ட்ராவை ரப்பர் பேண்டால் கட்டிக் காட்டினால் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். ஒரு ஸ்ட்ரா வளையும், ஒன்பது வளையாது. 1998 வரை உலகிலேயே உயரமான கட்டடம் வில்லிஸ்தான். டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடாமல் அன்றைய வானத்தைப் பார்த்து வாங்குங்கள். மேகம் இறங்கிவிட்டால் மேலே போய் வெள்ளைச் சுவரைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

கேள்வி (கோவை): செலவைக் குறைக்க வழி சொல்லுங்கள் அக்கா. பார்க்கும் விலையும் கட்டும் விலையும் வேறாக இருக்கிறதே!

பதில்: ஆமாம், ஹோட்டல் வரி மட்டுமே 17 சதவீதத்துக்கு மேல். கடையில் வாங்கும் பெரும்பாலான பொருள்களுக்கு 10 சதவீதத்துக்கு மேல். உட்கார்ந்து சாப்பிட்டால் 18, 20 சதவீதம் டிப் வேறு. ஆகையால் எழுதியிருக்கும் விலையோடு வரியையும் கூட்டிக் கணக்குப் போடுங்கள்.

இலவசமாகவே ஒரு வாரம் ஓட்டலாம். லிங்கன் பார்க் மிருகக்காட்சிசாலைக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. மில்லினியம் பார்க்கில் மும்பையில் பிறந்த அனிஷ் கபூர் செய்த, அவரை விதை வடிவிலான பெரிய 'பீன்' சிற்பம் இருக்கிறது. அதைப் படம் எடுத்த கையோடு கிரவுன் ஃபவுன்டனுக்கு வாருங்கள். இரண்டு கோபுரங்களிலும் மனித முகங்கள் தெரியும், வாயிலிருந்து தண்ணீர் கொட்டும், பிள்ளைகள் கீழே நின்று ஆடுவார்கள். மாற்றுத்துணியும் துண்டும் மறக்காதீர்கள். பாலத்தைத் தாண்டினால் மேகி டேலி பார்க், விளையாட்டுத் திடல் முழுக்க இலவசம். மழை வந்தால் எதிரே உள்ள கல்ச்சுரல் சென்டருக்குள் நுழைந்து டிஃபனி கண்ணாடிக் கூரையை அண்ணாந்து பாருங்கள். கோடையில் நேவி பியரில் புதனும் சனியும் இரவு வாணவேடிக்கை. ஆர்ட் இன்ஸ்டிடியூட்டில் 14 வயதுக்குக் கீழே கட்டணம் கிடையாது.

கேள்வி (நியூ ஜெர்சி): செய்திகளைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. குழந்தைகளோடு வரலாமா?

பதில்: லூப், ஏரிக்கரை, மியூசியம் பக்கமெல்லாம் பகலில் குடும்பங்கள்தான் நிறைந்திருக்கும். இரவு பத்துக்கு மேல் ரயிலைத் தவிருங்கள். பகலிலும் ரயில் ஓட்டுநர் இருக்கும் முதல் பெட்டியில் ஏறுங்கள். கதவோரம் உட்கார்ந்து போனைக் கையில் பிடித்திருக்காதீர்கள். காருக்குள் பை எதையும் கண்ணில் படும்படி விட்டுப் போக வேண்டாம். குழந்தையின் மணிக்கட்டில் உங்கள் போன் எண்ணை எழுதிவிடுங்கள். நேவி பியர் கூட்டத்தில் கை நழுவினால் அது உதவும்.

கேள்வி (திருச்சி): மகளுக்கு 14 வயது, அறிவியல் என்றால் உயிர். ஒரே மியூசியம் என்றால்?

பதில்: தெற்கே ஹைட் பார்க்கில் இருக்கும் அறிவியல், தொழில்துறை மியூசியம். 1944 ஜூனில் அமெரிக்கக் கடற்படை பிடித்த ஜெர்மன் நீர்மூழ்கி யு-505ஐ முழுசாகக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். நீர்மூழ்கிக்குள் போகத் தனி டிக்கெட், அது சீக்கிரம் தீர்ந்துவிடும், முதலிலேயே எடுங்கள். முழு நாளும் அதற்கே சரியாக இருக்கும்.

அவளுக்கு வரலாறும் பிடிக்குமென்றால் ஃபீல்ட் மியூசியத்தில் இரண்டு சாவோ சிங்கங்கள். 1898இல் கென்யாவில் ரயில் பாதை போட்ட தொழிலாளிகளைத் தின்றவை. அந்தத் தொழிலாளிகளில் நிறையப் பேர் இந்தியாவிலிருந்து கூட்டிப்போகப்பட்டவர்கள். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று பிள்ளைகளுக்கு அதையும் சொல்லுங்கள்.

கேள்வி (நேப்பர்வில்): நாங்கள் இங்கேயே புறநகரில்தான் இருக்கிறோம். அப்பா அம்மா வந்து மூன்று வாரம். எல்லாம் காட்டியாகிவிட்டது. அப்பா ஜன்னலோரமே உட்கார்ந்திருக்கிறார், "எப்ப டிக்கெட்டு?" என்றே கேட்கிறார். என்ன செய்வது அக்கா?

பதில்: உயரமான கட்டடம் இன்னொன்று காட்டிப் பயனில்லை தம்பி. கார்ஃபீல்ட் பார்க் கன்சர்வேட்டரிக்குக் கூட்டிப் போங்கள். 1908இல் திறந்த பெரிய கண்ணாடி மாளிகை, உள்ளே முழுக்கச் செடிகொடிகள், கட்டணம் இல்லை. கிரீன் லைன் ரயில் பக்கத்திலேயே நிற்கும். திறந்திருக்கும் கிழமையை மட்டும் பார்த்துவிட்டுப் போங்கள். உள்ளே நுழைந்ததும் நம் ஊர் ஈரக்காற்று முகத்தில் அடிக்கும், மூக்குக் கண்ணாடி மங்கிவிடும். பனைகளும் வாழையும் கரும்பும் நிற்கும்.

என் அப்பாவும் இப்படித்தான் சலித்துப்போய் உட்கார்ந்திருந்தார். வாழையைப் பார்த்ததும் கிட்டே போய்த் தண்டைத் தொட்டுப் பார்த்தார். என்ன ரகமாக இருக்கும், கன்றை எப்போது பிரித்து வைக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் என் மகளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். அடுத்த வாரமும் போக வேண்டும் என்று அவரேதான் கேட்டார்.