உதடே சீவாளி

அன்புள்ள ஐயா,

மேலூரிலிருந்து எழுதுகிறேன். தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கராக இருக்கிறேன். மேற்கத்திய இசையில் முறையான பழக்கம் கிடையாது. இரவில் யூடியூபில் கேட்பதோடு சரி. அப்பா இறந்து மூன்று மாதம் ஆகிறது. அதன் பிறகு தூக்கம் குறைந்து, கேட்பது கூடிவிட்டது. அப்படித்தான் ஸ்டீவ் டுரே என்ற அமெரிக்க ஜாஸ் கலைஞரின் டிராம்போன் காதில் விழுந்தது. நம் நாகஸ்வரத்துக்கு அண்ணன் போலக் கம்பீரமாக இருந்தது. ஆனால் நடுவில் அவர் டிராம்போனைக் கீழே வைத்துவிட்டுச் சங்கை எடுத்து ஊத ஆரம்பித்ததும் எரிச்சலாகிவிட்டது. பெரியதும் சிறியதுமாக வரிசையாகச் சங்குகள், ஒவ்வொன்றுக்கும் கைத்தட்டல். நமக்குப் புனிதமான ஒன்றை வேடிக்கைப் பொருளாக்கிவிட்டார் என்றே தோன்றியது. இவ்வளவு பெரிய கலைஞருக்கு இந்த வித்தை தேவையா? அவரை எந்த இசைத்தட்டிலிருந்து கேட்கத் தொடங்குவது? நம் ஊருக்கு டிராம்போன் ஏன் வரவில்லை?

தங்கள் வாசகன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் ஏற்கனவே சங்கின் மேல் கோபமாக இருந்தேன். சென்ற மாதம் மதுரையில் தத்தனேரிச் சுடுகாட்டுக்குப் போகும் வழியில் ஒரு அமரர் ஊர்தி என்னைக் கடந்து போனது. உள்ளே சங்கு ஊதுகிறவர் யாரும் இல்லை. ஓட்டுநரின் தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கியிலிருந்து, பதிவு செய்து வைத்த சங்கொலி வந்துகொண்டிருந்தது. ஒரு நீண்ட ஊதல், இரண்டு குறுகிய ஊதல், பிறகு பதிவு மறுபடி தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன 'டிக்'. மூச்சே வாங்காத சங்கு. அந்த 'டிக்' வீடு வரை என்னுடன் வந்தது. அதைப் பற்றி எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

முதலில் சில்லறைக் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். டிராம்போன் நாகஸ்வரத்துக்கு அண்ணனும் இல்லை, ஒன்றுவிட்ட சித்தப்பாவும் இல்லை. நாகஸ்வரத்தில் அதிர்வது வாயில் வைக்கும் நாணல் சீவாளி. டிராம்போனில் சீவாளி கிடையாது. கிண்ணம் போன்ற ஊதுவாயில் உதட்டை அழுத்தி உதட்டையே அதிரவைக்க வேண்டும். உதடுதான் சீவாளி. சுமார் ஒன்பது அடி நீளமுள்ள பித்தளைக் குழாய் அந்த அதிர்வை வாங்கிப் பெரிதாக்குகிறது. வலது கை சறுக்குக் குழாயை நீட்டியும் மடக்கியும் சுரத்தை மாற்றுகிறது. ஏழு நிலைகள் என்று பாடம் சொல்வார்கள். குழாயின் மேல் அவற்றுக்குக் கோடு எதுவும் போட்டிருக்காது, காதுதான் அளவுகோல். இந்தக் கணக்கில் டிராம்போனுக்கு நம் ஊரில் உறவு தேடினால் கொம்பு, எக்காளம், எல்லாவற்றுக்கும் மூத்ததாகச் சங்கு. நீங்கள் எரிச்சலடைந்த அந்த நிமிடத்தில் டுரே டிராம்போனைக் கைவிட்டுவிடவில்லை. அதன் அப்பத்தா வீட்டுக்குப் போயிருந்தார்.

நம் ஊருக்கு டிராம்போன் வரவில்லை என்கிறீர்கள். மேலூரில் இருந்துகொண்டு கல்யாண ஊர்வலத்தில் பேண்டு செட்டைப் பார்த்ததில்லையா? கிளாரினெட்காரர் பாட்டை எடுத்துக்கொள்வார், டிரம்பெட் அதையே உரக்கச் சொல்லும். கொஞ்சம் வசதியான செட்டாக இருந்தால், கடைசி வரிசையில் சாயம் போன சிவப்புக் கோட்டுடன் ஒருவர், முன்னால் போகிறவர் முதுகில் இடிக்காமல் குழாயை இழுத்து விட்டுக்கொண்டு வருவார். அவர் கையில் இருப்பதுதான் டிராம்போன். அது வந்து எவ்வளவோ காலமாகிறது. நாம்தான் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்தக் கேள்விக்கு இதற்கு மேல் நேரம் செலவழிக்க மாட்டேன்.

வித்தைக்காரரா என்ற சந்தேகத்துக்கு டுரேயின் வாழ்க்கையைப் பார்த்தாலே போதும். 1948-ல் நெப்ராஸ்கா மாநிலத்து ஓமஹாவில் பிறந்தவர். மெக்சிகோ வழிவந்த குடும்பம். வளர்ந்தது சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில். 1972-ல் பாடகர் ரே சார்லஸின் குழுவோடு ஊர் ஊராகப் போனார். அடுத்த வருடம் டிரம்பெட் கலைஞர் வுடி ஷா அவரை ஆர்ட் பிளேக்கியின் ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழுவுக்குக் கூட்டிப் போனார். பிளேக்கியின் குழு அந்த உலகத்தின் குருகுலம். டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை ஆளாக்கி அனுப்பியவர் அவர். 1985-லிருந்து 'சாட்டர்டே நைட் லைவ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியின் வாத்தியக் குழுவில் டுரேக்கு ஓர் இருக்கை, அதுவும் பல பத்தாண்டுகளுக்கு. எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. சம்பளத்துக்கு ஒரு வேலையைப் பார்த்து, வீட்டில் அடுப்பு எரிவதை உறுதிசெய்துகொண்டு, பிறகு தன் இசைக்குப் போகிறவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. பட்டினி கிடந்து செத்தால்தான் கலைஞன் என்பது நம் ஊர் மூடநம்பிக்கைகளில் ஒன்று.

சங்கை அவருக்கு அறிமுகப்படுத்தியவர் ரசான் ரோலண்ட் கிர்க். சிறு வயதிலேயே பார்வையை இழந்தவர். சாக்ஸபோன் வகைக் கருவிகள் மூன்றை ஒரே நேரத்தில் வாயில் வைத்து வாசித்தவர். 1975-ல் பக்கவாதம் வந்த பிறகும் ஒரு கையால் வாசித்தார். 1977-ல் இறந்தபோது வயது 42. அவரையும் சர்க்கஸ்காரர் என்றவர்கள் உண்டு. ஆகவே உங்கள் 'வித்தை' என்ற குற்றச்சாட்டு டுரேக்குக் குருவின் சொத்தாக வந்து சேர்ந்தது. பிறகு வுடி ஷாவுடன் மெக்சிகோ நகரத்துக்கு வாசிக்கப் போனபோது அங்கிருந்த உறவினர்கள், நம் முன்னோரும் சங்கு ஊதியவர்கள்தான் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். கடல் ஓரம் வாழ்ந்தவன் எவனும் சங்கின் நுனியைத் தட்டி உடைத்து வாய் வைத்துப் பார்த்திருப்பான். அதற்குப் பட்டா நம் பெயரில் இல்லை.

இனி 'புனிதம்'. உங்கள் கடிதத்தில் நான் சிவப்பு மையால் சுழித்து வைத்திருக்கும் சொல் அது. மேலூரில் உங்கள் அப்பாவின் பாடைக்கு முன்னால் சங்கு ஊதியவர் யார்? அவர் பெயர் என்ன? ஊதி முடித்ததும் எங்கே உட்கார்ந்தார், எதில் தண்ணீர் குடித்தார்? சங்கு புனிதம், ஊதுகிறவர் வாசலுக்கு வெளியே என்றால் அந்தப் புனிதத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கோபப்படாதீர்கள். இதைக் கேட்க எனக்கும் யோக்கியதை கிடையாது.

நான் வளர்ந்தது மதுரை செல்லூரில். தத்தனேரி சுடுகாட்டுக்கு எங்கள் தெருமுனை வழியாகத்தான் போவார்கள். தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு நாள் சங்குச் சத்தம் கேட்காவிட்டால், "என்ன, இன்று யாரும் சாகவில்லையா?" என்று அப்பத்தா கேட்பாள். அப்பா பஞ்சாலைக்குக் கிளம்புவதும் சங்குக்குத்தான். ஆலையின் ஊதலை யாரும் சைரன் என்று சொன்னதில்லை. தங்கைக்குப் பால் புகட்டியதும் சங்கில்தான். (உடனே பட்டினத்தாரின் மூன்று சங்குகளைக் கொண்டுவந்து நீட்ட வேண்டாம். அந்தப் பாட்டைச் சொல்லாமல் சங்கைப் பற்றி வாய் திறக்க முடியாத நிலையில் இந்த மொழியை வைத்திருக்கிறோம்.)

எங்கள் பக்கத்துச் சாவுகளுக்கு ஊதியவருக்கு அப்போது அறுபது வயது இருக்கும். ஒடிசலான உடம்பு, கழுத்தைச் சுற்றிய துண்டு, கயிற்றில் தொங்கும் சேகண்டி. பாடை கட்டி முடியும் வரை, மூடிக் கிடந்த ஒரு கடையின் திண்ணையில் காத்திருப்பார். எனக்குப் பதினோரு வயது. ஒரு நாள் அருகில் போய்ச் சங்கைக் கேட்டேன். அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். துண்டின் முனையால் ஊதும் இடத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு கொடுத்தார். நான் கன்னம் உப்ப ஊதினேன். சைக்கிள் டியூபிலிருந்து காற்று இறங்குவது போல ஒரு சத்தம்.

"கன்னத்தில் ஒன்றும் இல்லை சாமி. உதட்டை இறுக்கி வையுங்கள். நாக்கு நுனியில் ஒட்டிய நூலைத் துப்புவது போலத் துப்புங்கள்" என்றார்.

தறித் தெருப் பையனுக்கு நூல் துப்பத் தெரியாதா? துப்பினேன். சங்கு கத்தியது. அந்த அதிர்வு பல் வழியாகப் போய்த் தாடை எலும்பில் நின்றது. இன்றும் அந்த இடம் எனக்குத் தெரியும்.

அதற்குள் அப்பத்தா வந்துவிட்டாள். முதுகில் இரண்டு விழுந்தது. சாவு விழாத வீட்டுப் பிள்ளை சங்கு ஊதினால் அந்த வீட்டில் சாவு விழும் என்பது அவள் கணக்கு. குழாயடிக்கு இழுத்துப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினாள். பிறகு திரும்பிப் போய் அவரைத் திட்டினாள். அந்தச் சொற்களை இங்கே எழுத மாட்டேன். உங்களுக்கும் தெரிந்த சொற்கள்தான். அவர் திண்ணையிலிருந்து இறங்கி, நின்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டார். நான் ஈரத் தலையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். நான்தான் கேட்டு வாங்கினேன் என்று சொல்லவில்லை.

பாரதத்தில் ஐவருக்கும் ஆளுக்கொரு சங்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். தருமனுடையது அனந்தவிஜயம், பீமனுடையது பௌண்ட்ரம், அர்ச்சுனனுடையது தேவதத்தம். கண்ணனின் பாஞ்சசன்யத்தை நிறுத்தி வைத்து, அவன் வாய் எப்படி மணக்கும் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருத்தி விசாரித்திருக்கிறாள். செல்லூரில் ஊதியவரின் பெயர் எனக்குத் தெரியாது. 'சங்கு' என்றுதான் கூப்பிட்டோம். பதினோரு வயதுப் பையன்கள், தாத்தா வயதுக்காரரை, 'ஏய் சங்கு'.

அவரைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பிரசவமாகி நான்கைந்து நாள்தான் ஆகியிருந்தது. அந்த வழியாக ஒரு ஊர்வலம் வந்தது. அவர் ஊதுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் செத்தவர் வீட்டார் சண்டைக்கு வருவார்கள். சேகண்டிக் குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டு, விரல்களைச் சங்கின் வாய்க்குள் நுழைத்து, உள்ளங்கையால் அதை மூடியபடி ஊதினார். சத்தம் இறங்கியது. ஓசை குறைந்ததோடு சுரமும் கீழே போய், போர்வைக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவது போல ஆயிற்று. அந்த வீட்டைத் தாண்டியதும் கையை மெல்ல வெளியே எடுத்தார். சத்தம் வழுக்கிக்கொண்டே மேலேறிப் பழைய இடத்தில் போய் நின்றது. குழந்தை விழித்ததா என்று எனக்குத் தெரியாது.

டுரே செய்வதும் இதைத்தான். அளவுக்கு ஒன்றாகச் சங்குகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, சங்கின் வாய்க்குள் கையை விட்டும் எடுத்தும் சுரத்தை இறக்கி ஏற்றுகிறார். டிராம்போனில் நீட்டி மடக்கிய கை இங்கே உள்ளே போய் வெளியே வருகிறது. 1993-ல் ஒரு சங்குக் குழுவையே சேர்த்து 'சாங்க்டிஃபைட் ஷெல்ஸ்' என்று முழு இசைத்தட்டு கொண்டுவந்தார். புனிதமாக்கப்பட்ட சங்குகள் என்று பொருள். நீங்கள் போட்ட அதே சொல். அதை முதல் தடவை கேட்டபோது எனக்கு அந்தப் பிரசவ வீட்டு வாசல்தான் கண்முன் வந்தது. அங்கே பத்துப் பதினைந்து அடி தூரத்துக்கு மட்டும் நடந்த ஒன்றை இந்த மனிதர் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

செல்லூர்க்காரருக்கும் தெரிந்திருந்தது எஸ். யாரும் அவரிடம் கேட்கவில்லை. இது என் பழைய வழக்கு, பலரை அலுக்க வைத்திருக்கிறேன், உங்களையும் விடப்போவதில்லை. சங்கை அறுக்கத் தெரிந்த நாடு இது. கீழடியில் தோண்டினால் சங்கு வளையல் வருகிறது. மன்னார் வளைகுடாவில் மூழ்கி எடுத்த சங்கு வளையலாவதற்கு வங்காளம் வரை போயிருக்கிறது. நக்கீரரைச் சங்கறுக்கும் குலத்தவர் என்கிறது தனிப்பாடல்; சிவனை எதிர்த்துப் பேசிய ஆளுக்கு மதுரை கொடுத்த தொழில் அது. அறுத்தோம், இழைத்தோம், வலம்புரி கிடைத்தால் பூண் கட்டிப் பூசை அறையில் வைத்தோம். ஊதுகிறவரிடம் மட்டும் ஒரே ஒரு சத்தத்தை வாங்கிக்கொண்டு போதும் என்றோம். கோயிலில் ஒரு சத்தம், சாவில் அதே சத்தம். இரண்டாவது சுரம் இருக்கிறதா என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஊதுகிற சங்கை ஊதுவோம், விடிகிறபோது விடியட்டும் என்று இதற்குப் பழமொழி வேறு. இதையெல்லாம் மரபு என்று சொல்லிக்கொள்கிறோம். எனக்குச் சோம்பலாகத் தெரிகிறது. கடைசியில் அந்த ஒரு சத்தத்தையும் பதிவு செய்து வண்டியில் போட்டுவிட்டு, ஊதுகிறவரையும் தேவையில்லை என்று ஆக்கிவிட்டோம்.

அப்பாவைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வரியில் தூக்கத்துக்குத் தாவிவிட்டீர்கள். மூன்று மாதத்துக்கு முன் வாசலில் கேட்ட சங்கு இன்னும் காதுக்குள் இருக்கும்போது, எங்கோ ஒரு மேடையில் அதை ஊதிக் கைத்தட்டல் வாங்கினால் எரிச்சல் வரத்தான் செய்யும். அந்த எரிச்சலை நான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு நீங்கள் வைத்த பெயரைத்தான் திட்டினேன். இரவு பத்து மணிக்குப் படுங்கள். கைப்பேசியின் பொத்தான் அளவு ஒலிபெருக்கியில் டிராம்போன் கேட்பது உங்களுக்கும் நல்லதில்லை, அதற்கும் நல்லதில்லை.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள், இப்போதுதான் நினைவு வருகிறது. 2003-ல் வந்த 'ஒன் ஃபோர் ஜே'. ஜே. ஜே. ஜான்சனுக்கு டுரே செய்த அஞ்சலி. வேறு சில டிராம்போன் கலைஞர்களையும் கூட வைத்துக்கொண்டு வாசித்தது. 1924-ல் பிறந்து 2001-ல் மறைந்த ஜான்சன், பீபாப் என்ற வேகமான ஜாஸ் இசையின் ஓட்டத்தைச் சறுக்குக் குழாயிலும் பிடிக்க முடியும் என்று காட்டியவர். அடுத்து, 2004-ல் கிர்க்குக்காகச் செய்த 'தி ஸ்பிரிட்ஸ் அப் அபவ்'. சங்குத் தட்டை இப்போது தொட வேண்டாம், அப்பாவின் வருஷத் திதி கழியட்டும். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அன்று ஊதியவரின் வீடு எங்கே இருக்கிறது என்று விசாரித்துப் போய்ப் பார்த்துவிட்டு, அவர் பெயரை எனக்கு எழுதுங்கள்.