பயம் போன பிறகுதான் துணிச்சல் வருமா?

இல்லை. பயம் இருக்கும்போதே செய்ய வேண்டியதைச் செய்வதுதான் துணிச்சல். பயந்ததைத் தவிர்த்தால் உடனே நிம்மதி கிடைக்கும்; ‘ஒதுங்கியதால் தப்பித்தோம்’ என்று மனம் பழகிவிடும். அடுத்த முறை பயம் கூடும்.

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவை நிமிர்த்த முடியாது. கியர் நம் கையில். இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். இரண்டாவது கியரில் வந்தால் எஞ்சினே வேகத்தை அடக்கும். நடப்பதை மாற்ற முடியாவிட்டாலும், அதை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதற்கு நாம் பொறுப்பேற்பதும் இப்படித்தான்.

பயப்படுவதை ஐந்தாறு படிகளாக எழுதி, எளியதில் தொடங்குங்கள். படபடப்பு தணியும்வரை அந்தப் படியிலேயே இருங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: உச்சத்தில் விலகினால் பயம் வலுக்கும்.

பொறுப்பேற்பது என்றால் பழியையும் ஏற்பது என்று சிலர் நினைக்கிறார்கள்; அப்படியல்ல. பிறர் செய்த தீங்குக்குப் பொறுப்பு அவர்களே.